ஏழைக் குழந்தைக்கு ஓவியம் எதற்கு?

வயிற்றுக்கு உணவு வேண்டும். பிழைப்புக்கு எழுத்தும் கணக்கும் வேண்டும். இவையே முழுமையாகக் கிட்டாத பிள்ளைக்கு ஓவியமும் பாட்டும் கூத்தும் எதற்கு? கல்வியைப் பற்றிப் பேசும் கூட்டங்களில் இக்கேள்வி அடிக்கடி எழுகின்றது. இதைக் கேட்பவர்கள் கலையை வெறுப்பவர்கள் அல்லர். பெரும்பாலும் தம் பிள்ளைகளை உயிராய் நேசிக்கும் பெற்றோரே கேட்கின்றனர். நாள் முழுதும் இயந்திரத்தின்முன் அமர்ந்து உழைத்து, அந்தக் கூலியில் மகளைப் பள்ளிக்கு அனுப்பும் ஒரு தாய், "படம் வரையவா என் பிள்ளையை அனுப்புகிறேன்?" என்று கேட்டால், அதை அறியாமை என்று ஒதுக்கிவிட நமக்கு உரிமை இல்லை. அது பசியறிந்தவரின் கேள்வி. அதற்குரிய மதிப்போடு விடை காண முயல்வதே முறையாகும்.

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, மேல்விஷாரம், இராணிப்பேட்டை எனப் பாலாற்றை ஒட்டிப் பரந்திருக்கும் நம் தோல் தொழில் வட்டாரத்தில் இக்கேள்விக்குத் தனியானதொரு கூர்மை உண்டு. ஏனெனில் இது கைகளால் வாழும் மண். ஆவாரம்பட்டைச் சாற்றில் ஊறவைத்துத் தோலைப் பதனிட்ட காலத்திலும் சரி, குரோமிய உப்பால் பதனிடும் முறை பரவிய பின்னரும் சரி, விரலால் தடவிப் பார்த்தே தோலின் தரத்தைச் சொல்லிவிடும் அனுபவசாலிகளை இம்மண் வளர்த்துள்ளது. விடியற்காலையில் சிற்றூர்களிலிருந்து வேன்களிலும் பேருந்துகளிலும் காலணித் தொழிற்சாலைகளுக்குச் செல்லும் பெண்கள், 'அப்பர்' எனப்படும் காலணியின் மேற்பகுதியை இம்மியும் பிசகாமல் தைக்கிறார்கள். கண்ணும் கையும் கருத்தும் ஒன்றுபட்டாலன்றி அவ்வேலை நடவாது. ஆயினும் அக்காலணிகளின் வடிவத்தைத் தீர்மானிப்பவர்கள் பெரும்பாலும் கடல் கடந்த நாடுகளில் இருக்கிறார்கள். தைத்தவள் பெயர் அதில் எங்கும் இல்லை. திறமை இவர்களுடையது, எண்ணம் பிறருடையது. ஆகவேதான் அந்தத் தாய், தன் மகளின் கையில் ஊசிக்கு மாறாகப் பேனாவைக் காண விழைகிறாள். கையால் செய்யும் எதுவும் பள்ளிக்குள் நுழைவதை ஐயத்தோடு நோக்குகிறாள்.

அவளது ஐயத்திற்கு வரலாற்றிலும் இடமுண்டு. அன்றைய சென்னை மாநில முதலமைச்சர் இராஜாஜி, 1953-ஆம் ஆண்டு ஊர்ப்புறத் தொடக்கப் பள்ளிகளுக்கென ஒரு புதிய திட்டத்தைக் கொணர்ந்தார். பிள்ளைகள் நாளொன்றுக்கு மூன்று மணி நேரம் பள்ளியில் பயில்வர். எஞ்சிய நேரத்தில் பெற்றோரின் தொழிலைக் கற்றுக்கொள்வர். உழைப்பின் மதிப்பை உணர்த்தும் திட்டம் இது என்றனர் ஆதரித்தோர். 'குலக்கல்வித் திட்டம்' என்று பெயரிட்டு எதிர்த்தனர் பெரியாரும் திராவிட இயக்கத்தாரும். 1954-இல் காமராசர் முதலமைச்சரான பின் அது கைவிடப்பட்டது. எதிர்த்தவர்களின் அச்சம் நியாயமானது. பிறப்பையும் தொழிலையும் முடிச்சிட்டு வைத்திருக்கும் ஒரு சமூகத்தில், 'தந்தையின் தொழிலைக் கற்றுக்கொள்' என்பது அறிவுரை ஆகாது, விலங்கே ஆகும். தோல் பதனிடுபவரின் மகன் தோலையும், எழுத்தரின் மகன் எழுத்தையும் கற்பதுதான் கல்வி எனில், அதற்குப் பள்ளி எதற்கு?

அந்த விலங்கை மறுத்தது நீதி. ஆனால் விலங்கை மறுக்கும்போது கையையும் மறுத்துவிட்டோமோ என்றொரு கவலை எனக்கு உண்டு. நினைவாற்றலையும் தேர்வையுமே கல்வி எனக் கொண்ட பள்ளியில், விரலுக்கு எழுதுவதைத் தவிர வேறு வேலை இல்லாமற்போயிற்று. தொழிற்பயிற்சி வேறு, கலைப்பயிற்சி வேறு என்பதை நாம் தெளிவாக உணர வேண்டும். தொழிற்பயிற்சி குழந்தையை ஒரு வேலைக்கு ஏற்றவளாக்குகிறது. கலைப்பயிற்சியோ, எந்த வேலையைச் செய்தாலும் அவ்வேலையைவிட நீ பெரியவள் என்று அவளுக்கு உணர்த்துகிறது. "எத்தனை உருப்படி முடித்தாய்?" என்று கேட்கிறது தொழில். "நீ என்ன கண்டாய்?" என்று கேட்கிறது கலை. வாழ்நாளெல்லாம் முதற் கேள்விக்கே விடை சொல்லப்போகும் குழந்தையிடம், இரண்டாம் கேள்வியை ஒருமுறையேனும் கேட்பதற்கு வாய்த்த இடம் தொடக்கப் பள்ளி ஒன்றுதான்.

ஆனால் நம் பள்ளிகளில் ஓவிய வகுப்பு நடக்கும் இடங்களிலும் அக்கேள்வி கேட்கப்படுகிறதா? ஒரு பிள்ளையிடம் தாளைக் கொடுத்து, இயற்கைக் காட்சி ஒன்றை வரையச் சொல்லிப் பாருங்கள். இரண்டு முக்கோண மலைகள், அவற்றின் நடுவே கதிர் வீசும் சூரியன், வளைந்து இறங்கும் நீல ஆறு, ஒரு குடிசை, ஒரு தென்னை. வாணியம்பாடிப் பிள்ளையும் இதையே வரைகிறது. தலைநிமிர்ந்தால் தெரிகின்ற ஏலகிரிக்கும் சவ்வாது மலைக்கும் முக்கோண வடிவம் இல்லை. பாலாறோ ஆண்டின் பெரும்பகுதி மணலாய்க் கிடக்கிறது. குழந்தை பொய் சொல்லவில்லை. கரும்பலகையில் காட்டப்பட்டதைப் பணிவோடு திருப்பித் தருகிறது. தன் கண்ணைவிடப் பிறர் வரைந்த கோட்டையே நம்ப வேண்டும் என்று அதற்கு நாம் கற்றுக்கொடுத்துவிட்டோம். கலையின் பெயரால் நடந்தாலும் இது கலைக்கல்வி அன்று.

உள்ளதை உள்ளபடி காண்பது ஓர் அறம். 1996 ஆகஸ்ட் 28 அன்று வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தோல் தொழில் வட்டாரத்தில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுமையாகவோ பயிரிடத் தகுதியற்றதாகிவிட்டது என்ற ஆய்வை அத்தீர்ப்பு எடுத்துக்காட்டியது. மாசுபடுத்தியவரே அதற்கு ஈடு செலுத்த வேண்டும் என்ற கோட்பாடும் அதில் வலியுறுத்தப்பட்டது. நீரும் நிலமும் கெட்டுப்போனதைக் கண்டு, 'இதுதான் இயல்பு' என ஏற்க மறுத்த குடிமக்கள் இருந்ததால் அன்றோ அவ்வழக்கு பிறந்தது? அதே தொழில்தான் இங்குப் பல்லாயிரம் குடும்பங்களுக்குச் சோறிடுகிறது என்பதும் உண்மையே. இவ்விரு உண்மைகளையும் ஒருசேரக் காணும் கண் நாளைய தலைமுறைக்குத் தேவை. வறண்ட ஆற்றை வறண்டதாகவே வரையப் பழகிய பிள்ளை, அது ஏன் வறண்டது என்று கேட்கவும் ஒருநாள் பழகும்.

எந்தக் கலையைக் கற்பிப்பது, யாருக்குக் கற்பிப்பது என்பதும் நீதியைச் சார்ந்த கேள்வியே. தோலால் ஆவது காலணி மட்டுமன்று. பறைக்கு முகம் தோல், மிருதங்கத்திற்கும் தோல், தோற்பாவைக் கூத்தின் பாவையும் தோலே. ஆனால் தோலைத் தொட்ட கையைத் தாழ்வாகவும், தோற்கருவியின் நாதத்தை உயர்வாகவும் கருதும் முரண்பாடு நம்மிடம் நெடுங்காலமாக உண்டு. மிருதங்கம் செய்வோரில் பெரும்பாலோர் தலித் கிறித்தவர் என்பதையும், பாலக்காடு மணி ஐயரின் நாதத்திற்குப் பின்னே பர்லாந்து என்னும் கைவினைஞரின் செவியும் கையும் இருந்தன என்பதையும், இசைக்கலைஞர் டி.எம். கிருஷ்ணா 2020-இல் வெளியிட்ட 'செபாஸ்டியன் அண்டு சன்ஸ்' என்னும் ஆங்கில நூல் எடுத்துரைத்தது. வாசித்தவரை நாடறியும், செய்தவரை அறிந்தவர் சிலரே. நம் வட்டாரப் பள்ளியொன்றில் பறையை வகுப்பறைக்குள் கொண்டுவந்து, அதைப் பாட்டன் வழியில் அறிந்த பிள்ளை மட்டுமன்றி எல்லாப் பிள்ளைகளும் பழகுமாறு செய்தால், அது 1953-இன் திட்டத்திற்கு நேர் எதிரான செயலாக அமையும். குலக்கல்வி கலையைக் குலத்துக்குள் பூட்டியது. பொதுக்கல்வியோ எல்லாக் கலையையும் எல்லார் கையிலும் தரவல்லது.

"வாசிக்கவே தெரியாத பிள்ளைக்கு இதற்கெல்லாம் நேரம் ஏது?" என்ற மறுப்பு வலுவானது. இதற்கு நம் மாவட்டமே ஒரு விடை தந்திருக்கிறது. 1990-களில் வேலூர் மாவட்டத்தில் கொத்தடிமை நிலையிலிருந்து மீட்கப்பட்ட குழந்தைகளுக்கெனத் தனிப் பள்ளிகள் நடத்தப்பட்டன. அப்பணியில் ஈடுபட்டிருந்த அன்றைய மாவட்ட ஆட்சியர் எம்.பி. விஜயகுமார், பின்னாளில் ரிஷிவேலிப் பள்ளியின் அட்டைவழி முறையைத் தழுவி, 2003-இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகள் சிலவற்றில் செயல்வழிக் கற்றலைத் தொடங்கினார். 2007-இல் அது தமிழகத் தொடக்கப் பள்ளிகள் எங்கும் பரவியது. ஒவ்வொரு பிள்ளைக்கும் கைக்கெட்டும் உயரத்தில் சுவரோரம் ஒரு கரும்பலகைப் பகுதி, படங்கள் நிறைந்த அட்டைகள், பாடலும் ஆடலும், கயிற்றில் தொங்கவிடப்பட்ட பிள்ளைகளின் கைவண்ணங்கள். அம்முறையில் குறைகளும் இருந்தன. பின்னர் அது மாற்றவும் பட்டது. ஆனால் அடிமை வேலையில் குழந்தைமையை இழந்த பிள்ளைகளோடு பழகியவர்கள் கண்ட உண்மை இன்றும் மாறவில்லை. அச்சம் நீங்காத மனத்தில் எழுத்து ஏறாது. எழுத்துக்கு முன்பே குழந்தைக்குக் கோடு உண்டு. சொல்லுக்கு முன்பே தாளம் உண்டு.

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கையும் தேவை. ஓவியம் வரைந்தால் கணக்கு நன்றாக வரும், இசை பயின்றால் மதிப்பெண் கூடும் என்று சிலர் கலைக்காக வாதாடுகின்றனர். அது உண்மையாகவே இருக்கலாம். ஆனாலும் அவ்வாதம் கலையைக் கணக்கின் வேலைக்காரியாக்கிவிடுகிறது. நாளை கணக்குக்கு வேறு குறுக்குவழி கிடைத்தால் கலையை வெளியேற்றிவிடலாம் அல்லவா? வசதி படைத்த வீட்டுப் பிள்ளைக்கு வீணையும் நடனமும் கற்பிக்கும்போது இத்தகைய பயன்களை யாரும் கேட்பதில்லை. அங்கு அது இயல்பான உரிமை. ஏழைப் பிள்ளையின் வாசலில் மட்டும் கலை தன் பயனை நிரூபித்துவிட்டு உள்ளே வர வேண்டியிருக்கிறது.

சட்டமும் இதில் முழு நீதி செய்யவில்லை. 2009-இன் கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணை, ஆறு முதல் எட்டு வகுப்புகளில் நூறு பிள்ளைகளுக்கு மேல் பயிலும் பள்ளிகளுக்கே பகுதிநேரக் கலை ஆசிரியரை விதிக்கிறது. ஒன்று முதல் ஐந்து வரையிலான வகுப்புகளுக்கு அத்தகைய ஏற்பாடு இல்லை. தமிழகத்தில் ஓவியம், தையல், உடற்கல்வி, கணினி முதலியவற்றிற்கென 2012-இல் மாதம் 5,000 ரூபாய் ஊதியத்தில் 16,549 பகுதிநேர ஆசிரியர்கள் அமர்த்தப்பட்டனர். அவர்கள் பணி நிரந்தரம் கேட்டுப் பலமுறை வீதிக்கு வந்ததை நாடறியும். 2022-இல் தமிழக அரசு தொடங்கிய கலைத் திருவிழா பாராட்டுக்குரியது. எத்தனையோ அரசுப் பள்ளிப் பிள்ளைகள் அதன் வழியே மேடையேறியுள்ளனர். எனினும் அது போட்டி. போட்டி சிலரைத் தேர்ந்தெடுக்கிறது. மற்றவர்களைக் கைதட்ட வைக்கிறது. பரிசு பெறாத பிள்ளைக்கும் வாரந்தோறும் தவறாமல் ஒரு கலை வகுப்பு கிடைத்தால்தான் அதைக் கல்வி எனலாம்.

பள்ளியில் உணவளிப்பதும் ஒருகாலத்தில் பள்ளியின் வேலையாகக் கருதப்படவில்லை. 1956-இல் காமராசர் மதிய உணவைத் தொடங்கினார், 1982-இல் எம்.ஜி.ஆர். அதனைச் சத்துணவாக விரித்தார். 2022-இல் காலை உணவும் வந்தது. நேற்று தருமமாகத் தோன்றியது இன்று உரிமையாக நிற்கிறது. கலையும் அவ்வழியே உரிமையாக வேண்டும். விடுதலைப் பயண நூலில், அடிமைத்தளையிலிருந்து அப்போதுதான் விடுபட்ட மக்களிடையே, கைவினைஞர் பெட்சலேல் இறை ஆவியால் நிரப்பப்பட்டதாக வாசிக்கிறோம். அவர் பொறுப்பில் உருவான திருக்கூடாரத்தின் மேல்விரிப்பு பதனிட்ட ஆட்டுக்கிடாய்த் தோலால் ஆனது. பாலைநிலத்தில் உணவுக்கும் நீருக்கும் ஏங்கிய கூட்டத்திற்கு அழகு எதற்கு என்று அங்கு இறைவன் கேட்கவில்லை. செங்கல் அறுத்த கைகள் இனி அழகையும் படைக்கலாம் என்பதும் அவர்களது விடுதலையின் ஒரு பகுதியாயிற்று.

இதற்குப் பெரும் பொருட்செலவு தேவையில்லை. களிமண், கரித்துண்டு, சுண்ணக்கட்டி, பழைய செய்தித்தாள், ஊரில் பறையும் கூத்தும் அறிந்த பெரியவர் ஒருவர் ஆகியவை போதும் தொடங்குவதற்கு. தேர்வு நெருங்கும்போது கலை வகுப்பைக் கணக்குக்குக் கடன் கொடுக்காத ஒரு தலைமையாசிரியர் வேண்டும். மறைமாவட்டப் பள்ளிகளை நடத்தும் நாம் அரசைக் கேட்குமுன் நம் கால அட்டவணைகளை எடுத்துப் பார்ப்பது நலம்.

அந்தத் தாயின் கேள்விக்கு இப்போது விடை கூறலாம். அம்மா, உங்கள் மகள் படம் வரையவும்தான் பள்ளிக்கு வருகிறாள். எழுத்தையும் கணக்கையும் அவளுக்குக் குறைவின்றித் தர நாங்கள் கடமைப்பட்டுள்ளோம். அத்தோடு இன்னொன்றையும் தரக் கடமைப்பட்டுள்ளோம். நீங்கள் தைத்த காலணிகள் உலகெங்கும் நடக்கின்றன. அவற்றில் உங்கள் பெயர் இல்லை. உங்கள் மகள் தான் கண்டதைத் தன் கையால் வரைந்து, தாளின் ஓரத்தில் தன் பெயரை எழுதட்டும். தான் செய்த ஒன்றின் கீழ்த் தன் பெயரை எழுதப் பழகியவள், தன் உழைப்பில் தன் பெயர் அழிக்கப்படும்போது அதை உணர்வாள்.