கயிறு பிடித்த கை

தூத்துக்குடிக் கடலில் முத்துக் குளிப்பு 1961-ஆம் ஆண்டோடு நின்று போயிற்று. ஆனால் அந்தத் தொழிலின் ஒரு வழக்கம் இன்றும் நம் கடற்கரை ஊர்களில் பேசப்படுகிறது. குளிப்பவர் கல்லைப் பற்றிக்கொண்டு அடியில் இறங்குவார். மேலே தோணியில் ஒருவர் கயிற்றைப் பிடித்து நிற்பார். கயிறு அசைந்தவுடன் மேலே இழுக்க வேண்டும். கொஞ்சம் கண்ணயர்ந்தால் ஓர் உயிர் போய்விடும். ஆகவேதான் கயிற்றை மைத்துனன் கையில் கொடுப்பார்களாம். தன் சகோதரியின் வாழ்வு அதில் இருப்பதால் அவன் கவனம் தவறமாட்டான்!

ஆஸ்பத்திரியில் அந்தக் கயிற்றைப் பிடித்து நிற்பவர் யார்? டாக்டர் பார்த்துவிட்டுப் போய்விடுகிறார். இரவெல்லாம் விழித்திருப்பவர் நர்ஸ். மருந்து கொடுக்குமுன், நோயாளி இவர்தானா, மருந்து இதுதானா, அளவு, நேரம், கொடுக்கும் வழி எல்லாம் சரிதானா என்று ஒவ்வொரு முறையும் பார்க்கிறார். எழ முடியாதவருக்குப் படுக்கைப் புண் வராமல் புரட்டிப் படுக்க வைக்கிறார். பெற்ற பிள்ளைகளே முகம் சுளிக்கும் அசுத்தத்தை அவர் சுத்தம் செய்கிறார். நமக்கு மைத்துனன் உறவுகூட இல்லாதவர், உறவினரைவிட விழிப்பாக இருக்கிறார்.

“சம்பளம் வாங்குகிறார், செய்கிறார், இதில் என்ன பெருமை?” என்று சிலர் கேட்கிறார்கள். பள்ளியில் தொழ வைக்கும் இமாமும், பிள்ளைகளுக்குக் குர்ஆன் ஓதிக் கொடுக்கும் உஸ்தாதும் சம்பளம் பெறுகிறார்கள். அதனால் அவர்கள் பணியின் கண்ணியம் குறைந்துவிட்டதா? கூலி வேறு, அமானிதம் வேறு. கூலி, வேலை செய்த நேரத்துக்கு. யாரும் பார்க்காத நள்ளிரவிலும் அளவு பிசகாமல் செய்வது அமானிதம். 2018 மே மாதம் கேரளத்தின் பேராம்பிரா ஆஸ்பத்திரி நர்ஸ் லினி, நிபா நோயாளிக்குப் பணிவிடை செய்து, அதே நோயால் இறந்தார். அவருக்கு இரண்டு சிறு பிள்ளைகள். இதற்கு ஈடான சம்பளம் எது?

ஹிஜ்ரி 5-இல் அகழ்ப் போரில் அம்பு பட்ட ஸஅது இப்னு முஆத் (ரலி) அவர்களை, பள்ளிவாசலில் ருஃபைதா (ரலி) என்னும் பெண்மணி அமைத்திருந்த கூடாரத்தில் சேர்க்கும்படி நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் பணித்தார்கள். காலையும் மாலையும் சென்று நலம் விசாரித்தார்கள். காயத்துக்குக் கட்டுப் போடுவதை இழிவாக எண்ணியிருந்தால் அதற்குப் பள்ளிவாசலில் இடம் கிடைத்திருக்குமா?

இனி நம் வீட்டு நிலையைப் பார்ப்போம். உம்மாவை ஆஸ்பத்திரியில் சேர்த்தால், “ஆண்கள் தொடக்கூடாது, பெண் நர்ஸ்தான் வேண்டும்” என்கிறோம். நியாயமான கோரிக்கைதான். ஆனால் நம் மகள் நர்ஸ் படிப்புக்குப் போகிறேன் என்றால், “இராத்திரி டியூட்டியா? நாளை யார் பெண் கேட்டு வருவார்?” என்று தடுக்கிறோம். நம் பெண்களின் ஹயாவைக் காக்கும் பொறுப்பைப் பிற சமுதாயத்துச் சகோதரிகள்மீது சுமத்திவிட்டு, அந்தத் தொழிலையும் தாழ்வாகப் பேசுகிறோம்!

மருத்துவம் ஃபர்ளு கிஃபாயா என்றார்கள் இமாம் கஸ்ஸாலி (ரஹ்). ஊரில் ஒருவருமே செய்யாவிட்டால் ஊரார் அனைவரும் குற்றவாளிகள். முஸ்லிம் மருத்துவரே இல்லாத ஊர்கள் இருக்க, எல்லாரும் ஃபிக்ஹுக் கல்வியிலேயே முட்டி மோதுவதை இஹ்யாவில் அவர்கள் கண்டிக்கிறார்கள். ஒன்பது நூற்றாண்டுகளுக்கு முந்திய அந்தக் கண்டனம், இன்று காயல்பட்டினம் முதல் தூத்துக்குடி வரை நமக்குப் பொருந்தாதா?

பாதுகாப்பான இடம், போக்குவரத்து, ஒழுங்கான உடை ஆகியவற்றைக் கேட்டுப் பெறுவது பெற்றோரின் உரிமை. அவை கிடைத்த பிறகும் கௌரவத்தைக் காட்டி மறுப்பதற்கு மார்க்கத்தைத் துணைக்கு அழைக்க வேண்டாம்.

சகோதரிகளே! அடுத்த முறை ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பும்போது, டாக்டருக்கு நன்றி சொல்வதுடன் நின்றுவிடாமல், அந்த நர்ஸின் பெயரையும் கேட்டறிந்து ஒரு நல்ல சொல் சொல்லுங்கள். மனிதருக்கு நன்றி செலுத்தாதவர் இறைவனுக்கும் நன்றி செலுத்தியவராக மாட்டார் என்பது நாம் அறிந்ததுதானே! வல்ல நாயன் நம் கைகளையும் கயிறு பிடிக்கும் கைகளாக ஆக்கியருள்வானாக. ஆமீன்.