கடந்த வயதுக்குக் கூறும் அறிவுரை: பல்கலைக்கழக ஆயத்தம் பற்றிய ஓர் அறவியல் நோக்கு

பேராதனைப் பல்கலைக்கழகத்தில் இறுதி வருடத்தை எய்திய மாணவரிடையே அடிக்கடி கேட்கும் வாக்கியம் ஒன்றுண்டு. "இது அன்றே தெரிந்திருந்தால்!" என்பதே அது. உயர்தர வகுப்பில் பயின்ற நாட்களில் எவற்றைக் கற்றிருக்க வேண்டும், எவற்றிற்கு அஞ்சாதிருந்திருக்க வேண்டும் என்பன பட்டம் பெறும் தறுவாயிலேயே தெளிவாகின்றன. மூன்று நான்கு ஆண்டுகளுக்கு முன்னிருந்த தன்னை நிறுத்திவைத்துச் சில வார்த்தை சொல்லிவிட முடியாதா என்னும் ஏக்கம் இயல்பானதே. ஆயினும் இவ்வேக்கம் ஓர் அறவியற் சிக்கலையும் உட்கொண்டுள்ளது. கடந்த வயதுக்குக் கூறும் அறிவுரைக்குப் பொருள் உண்டா? உண்டெனின், அதனைப் பெறும் உரிமையுடையவர் யாவர்? இவ்விரு வினாக்களையும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பல்கலைக்கழகத்திற்கு ஆயத்தமாதல் என்பதன் பொருள் இலங்கையிற் காலந்தோறும் மாறி வந்துள்ளது. சேர் பொன்னம்பலம் அருணாசலம் முதலானோர் 1906ஆம் ஆண்டில் இலங்கைப் பல்கலைக்கழகச் சங்கத்தை நிறுவியபோது, இந்நாட்டில் உயர்கல்வி என்பது கடல் கடந்து செல்லக்கூடிய செல்வரின் பிள்ளைகளுக்கே எட்டக்கூடியதாயிருந்தது. 1921இல் பல்கலைக்கழகக் கல்லூரியும், 1942இல் இலங்கைப் பல்கலைக்கழகமும் தோன்றின. முதல் துணைவேந்தராகிய சேர் ஐவர் ஜெனிங்ஸ், மாணவர் ஒருங்கே உறைந்து கற்கும் உறைவிடப் பல்கலைக்கழகம் ஒன்றை உருவாக்க விழைந்தார். அவ்விழைவின் பயனாக 1952இல் மகாவலி கங்கைக் கரையில், ஹந்தானை மலைச்சாரலில், பேராதனை வளாகம் உயிர் பெற்றது. விரிவுரை மண்டபத்தில் மட்டுமன்றி விடுதியிலும் உணவு மேசையிலும் மாலைநேர உரையாடலிலும் கல்வி நிகழ்கின்றது என்பதே அவ்வமைப்பின் அடிப்படைக் கருத்தாகும்.

அக்காலத்தில் ஆயத்தம் என்பது ஆங்கிலமும் பொருள்வளமும் எனும் இரண்டினுள் அடங்கிற்று. சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கராவின் முயற்சியால் 1945இல் நடைமுறைக்கு வந்த இலவசக் கல்வி பொருள்வளம் என்னும் தடையைப் பெரிதும் தகர்த்தது. 1960ஆம் ஆண்டளவில் கலைத்துறையில் தமிழும் சிங்களமும் போதனா மொழிகளானமை ஆங்கிலத் தடையையும் தளர்த்தியது. வாயில் அகன்றது, வாயிலுக்கு வந்தோர் தொகையோ அதனினும் விரைந்து பெருகிற்று. 1970களில் தரப்படுத்தல் புகுத்தப்பட்டமையும், அது தமிழ் இளைஞரிடையே எழுப்பிய ஆழ்ந்த மனக்குறையும் வரலாறு அறிந்தவை. இன்று இசட் புள்ளியின் அடிப்படையில் அனுமதி வழங்கப்படுகின்றது. தகுதி பெறுவோருள்ளும் சிறுபகுதியினருக்கே இடம் கிடைக்கின்றது.

இந்நிலையில் ஆயத்தம் என்னும் சொல் தன் பொருளிற் சுருங்கிப் போனமை வியப்பன்று. உள்ளே சென்று என்ன செய்வது என்பதற்கான ஆயத்தம் மறைந்து, உள்ளே செல்வதற்கான ஆயத்தமே எஞ்சியது. கண்டி நகரின் தனியார் கல்வி நிலையங்களில் வார இறுதி நாட்களில் நிரம்பி வழியும் வகுப்புகள் இதற்குச் சான்று. கடந்தகால வினாத்தாள்கள், எதிர்பார்க்கை வினாக்கள், மனனஞ் செய்யத்தக்க விடைக் குறிப்புகள் என்பனவே அங்கு விற்பனையாகும் பண்டங்கள். நன்னூலார் மாணாக்கரைத் தலை, இடை, கடை என வகுத்து, சொன்னதைச் சொல்லும் கிளியை இடை மாணாக்கனுக்கே உவமை கூறினார். நீரொழித்துப் பாலுண்ணும் அன்னத்தையே தலை மாணாக்கனுக்கு உரியதாக்கினார். இன்றைய பரீட்சை முறை பல வேளைகளில் கிளியைத் தலைமைக்கு உயர்த்திவிடுகின்றது. இதில் மாணவரைப் பழித்தல் நேர்மையாகாது. ஒரு தசமப் புள்ளி வேறுபாட்டில் வாழ்க்கையின் திசை மாறக்கூடிய சூழலில், கிளியாக இருத்தலே அவர்க்கு அறிவுடைய செயலாகப்படுகின்றது.

ஆனால் வளாகத்தினுள் அடியெடுத்து வைத்த முதல் மாதத்திலேயே இவ்வாயத்தத்தின் போதாமை வெளிப்படுகின்றது. விரிவுரையாளர் விடையைத் தருவதில்லை; நூற்பட்டியலைத் தருகின்றார். அப்பட்டியலிலுள்ள நூல்களுட் பெரும்பாலானவை ஆங்கிலத்தில் அமைந்தவை. தமிழ் மொழி மூலம் கற்று அதிசிறப்புச் சித்தி பெற்ற மாணவர், நூலகத்தின் அடுக்குகளிடையே, எழுத்தறியாதவர் போன்று திகைத்து நிற்கின்றார். கருத்தரங்கில் "உமது கருத்து யாது?" என வினவப்படும்போது, தமக்கெனக் கருத்தொன்று இருக்கலாம் என்பதையே அவர் அன்றுதான் அறிகின்றார். விடுதி அறையிலோ சிங்கள மொழி பேசும் நண்பர் அருகிலிருப்பார். இருவர்க்கும் பொதுவான மொழி இரண்டொரு சொற்களைக் கடவாது. பதின்மூன்று ஆண்டுப் பாடசாலைக் கல்வி, அடுத்த கட்டிலில் உறங்குபவரோடு உரையாட இருவரையுமே ஆயத்தப்படுத்தவில்லை.

ஆகவே இறுதி வருட மாணவரொருவர் தமது கடந்த வயதுக்கு அறிவுரை கூற வாய்ப்புப் பெற்றால், அது பெரும்பாலும் பின்வருமாறே அமையும். பரீட்சைக்கும் பெறுபேற்றுக்கும் இடையிலும், பெறுபேற்றுக்கும் அனுமதிக்கும் இடையிலும் கழியும் நீண்ட மாதங்களில், அகராதியின் துணையுடன் நாள்தோறும் ஆங்கில நூலொன்றின் ஒரு பக்கத்தையேனும் வாசித்தல் வேண்டும். பேச்சாங்கிலத்திலும் முந்தியது வாசிப்பாங்கிலம். பாடநூலுக்குப் புறம்பான நூல்களைப் பயனை எண்ணாது வாசித்தல் வேண்டும். கண்டி நகரிலுள்ள டி. எஸ். சேனநாயக்க நினைவு நூலகம் போன்ற பொது நூலகங்கள் அதற்கென்றே உள்ளன. சிங்களத்தை அரச தொழிலுக்கான தகைமையாக மட்டும் கருதாது, அயலவரின் மொழியாகக் கற்றல் வேண்டும். வாசித்ததைப் பற்றித் தன் சொற்களில் ஒரு பக்கம் எழுதிப் பழகுதல் வேண்டும். 1981இல் நிறுவப்பட்ட மகாபொல நிதியம் முதலானவற்றின் உதவித்தொகைகளுக்கு விண்ணப்பிக்கும் முறையை முன்கூட்டியே அறிந்திருத்தல் வேண்டும். யாவற்றிற்கும் மேலாக, தெரியாததைத் தெரியாது என்று கூச்சமின்றி உரைக்கப் பழகுதல் வேண்டும்.

இவை நல்ல அறிவுரைகளே. எனினும் ஒரு தடை எழுகின்றது. இவ்வறிவுரையை அன்றைய மாணவர் கேட்டிருப்பாரா? அறவியல் பற்றிய விரிவுரைக்கு இளையோர் ஏற்ற கேட்போர் அல்லர் என அரிஸ்டோட்டில் கருதினார். வாழ்க்கைச் செயல்களில் அனுபவமின்மையையே அவர் அதற்குக் காரணமாகக் காட்டினார். அனுபவத்தினால் விளைந்த அறிவை, அவ்வனுபவம் இல்லாதவருக்கு வெறுஞ் சொல்லாக அளிக்கும்போது, அது இன்னொரு மனனக் குறிப்பாக மாறிவிடும் ஆபத்துண்டு. "சுயமாகச் சிந்தி" என்பதையே குறிப்பேட்டில் எழுதி மனனஞ் செய்யும் மாணவர் இல்லாமலில்லை.

அதனினும் ஆழமான தடை வேறொன்றுண்டு. பயனற்றதென இன்று தோன்றுவது நாளை எவ்வாறு பயன்படும் என்பதை எவரும் முன்னறியார். காரைதீவில் 1892இல் பிறந்த மயில்வாகனன் எனும் இளைஞர் விஞ்ஞானம் கற்றார். விஞ்ஞான ஆசிரியராகப் பணியாற்றினார். 1916இல் மதுரைத் தமிழ்ச் சங்கப் பண்டிதர் பரீட்சையிலும் தேறினார். பின்னர் இலண்டன் பல்கலைக்கழக விஞ்ஞானப் பட்டமும் பெற்றார். துறவு பூண்டு சுவாமி விபுலாநந்தராகிய அவரே 1943இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதலாவது தமிழ்ப் பேராசிரியரானார். தமிழ்ப் பேராசிரியராகப் போகும் ஒருவர் பௌதிகத்திலும் கணிதத்திலும் ஆண்டுகளைச் செலவிடுவது வீண் என்று எவரேனும் அவருக்கு அறிவுரை கூறியிருக்கலாம். அவர் அதனை ஏற்றிருந்தால், பழந்தமிழர் இசையைக் கணித நுட்பத்தோடு ஆராய்ந்து 1947இல் வெளிவந்த 'யாழ்நூல்' அந்த வடிவில் தோன்றியிராது. சுற்றுவழி எனப்பட்டதே அவரை அந்நூலுக்கு இட்டுச் சென்றது.

இவ்வாறு நோக்குமிடத்து, கடந்த வயதுக்குக் கூறும் அறிவுரை பொருளற்றது எனும் முடிவுக்கு வரத் தோன்றலாம். அம்முடிவு அவசரமானது. ஏனெனில் அறியாமை இருவகைப்படும். ஒன்று, ஒவ்வொருவரும் தாமே கடந்தாக வேண்டிய அறியாமை. எத்துறை தன் மனத்துக்கு உகந்தது, எவர் நண்பர், தோல்வியை எவ்வாறு தாங்குவது என்பன இவ்வகையின. இவற்றைக் கடக்கும் முயற்சியே வளர்ச்சியாதலின், பிறர் இதனை அகற்றிவிட முடியாது, அகற்றவும் கூடாது. மற்றையது, சொல்வார் இல்லாமையால் மட்டும் நேர்ந்த அறியாமை. எப்பாடச் சேர்க்கை எக்கற்கைநெறிக்கு வழிவகுக்கும், அனுமதிக் கைந்நூலை எவ்வாறு வாசிப்பது, விண்ணப்பத்தில் விருப்பத் தெரிவுகளை எவ்வொழுங்கில் இடுவது, உதவித்தொகைக்கு எப்போது விண்ணப்பிப்பது என்பன இவ்வகையின. இவற்றை அறியாதிருந்து அல்லற்பட்டதால் எவரது பண்பும் முதிர்வதில்லை. இழப்பு மட்டுமே எஞ்சுகின்றது.

இவ்விரண்டாம் வகை அறியாமை எல்லோரிடத்தும் சமமாகப் பரவியிருக்கவில்லை என்பது ஈண்டு மனங்கொள்ளத்தக்கது. ஆசிரியரின் மகனுக்கும் எழுதுவினைஞரின் மகளுக்கும் இவ்வறிவுரை வீட்டு மேசையிலேயே கிடைத்துவிடுகின்றது. வளாகத்திலிருந்து நோக்கினால் தெரியும் ஹந்தானைச் சாரலிலும், கலஹா, தெல்தோட்டை, புசல்லாவைப் பகுதிகளிலும் உள்ள தோட்ட லயங்களில் வாழும் பிள்ளைக்கு அதனைக் கூற எவருமில்லை. இலங்கையின் முதலாவது வர்த்தகத் தேயிலைத் தோட்டம் 1867இல் ஜேம்ஸ் டெய்லரால் லூல்கந்துரையில் அமைக்கப்பட்டது, இக்கண்டி மாவட்டத்திலேயாகும். நாட்டின் ஏற்றுமதி வருவாயில் நெடுங்காலம் முதன்மை பெற்றிருந்த தேயிலையைக் கொய்த கைகள், இலவசக் கல்விக்கான அரச வருவாய்க்கும் பங்களித்தன. அக்கைகளுக்கு உரியோர் 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றோராக்கப்பட்டனர். அவர்தம் பிள்ளைகளின் தோட்டப் பாடசாலைகள் 1970களிலேயே படிப்படியாக அரசால் பொறுப்பேற்கப்பட்டன. 1945இல் ஏற்றப்பட்ட விளக்கின் ஒளி அம்மலைகளைச் சென்றடைய ஒரு தலைமுறைக்கும் மேலான காலம் பிடித்தது.

சட்டத்தின் கண்கள் எட்டாத இடமும் இதில் உண்டு. பல கற்கைநெறிகளுக்கு 40 சதவீத இடங்கள் அகில இலங்கைத் திறமை அடிப்படையிலும், 55 சதவீதம் மாவட்ட அடிப்படையிலும், 5 சதவீதம் கல்வி வசதி குறைந்த மாவட்டங்களுக்கும் ஒதுக்கப்படுகின்றன. நுவரெலியா மாவட்டம் அவ்வசதி குறைந்த மாவட்டங்களுள் ஒன்று, கண்டி அவ்வாறன்று. எனவே கண்டி மாவட்டத்துத் தோட்டப்பிள்ளை, நகரின் புகழ்பெற்ற கல்லூரிகளின் பிள்ளைகளோடு ஒரே வரிசையில் நின்று போட்டியிடுகின்றது. இவ்வேறுபாட்டைச் சட்டம் சீர்செய்யும் வரை, அறிந்தவர் அறியாதவருக்குச் சொல்லுதல் எனும் எளிய செயலே அதனைச் சிறிதேனும் குறைக்க வல்லது.

அனுபவத்தை அடுத்தவருக்குக் கையளிப்பதிலும் இரு வழிகள் உள. "நான் பட்டதை நீயும் படு" என்பது ஒன்று. "நான் பட்டதை நீ படவேண்டாம்" என்பது மற்றொன்று. முன்னைய வழியே பகிடிவதை ஆயிற்று. புதுமுக மாணவரைப் பல்கலைக்கழக வாழ்வுக்கு ஆயத்தப்படுத்துதல், ஏற்றத்தாழ்வு களைதல் என்ற பெயர்களாலேயே அது நியாயப்படுத்தப்படுகின்றது. ஆனால் அது கற்பிப்பது அச்சத்தையும், அடுத்த வருடம் பிறர்மேல் அதிகாரஞ் செலுத்தும் ஆசையையுமே. 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டம் அதனைக் குற்றமாக்கியுள்ளது. சட்டம் செய்ய இயலாத பணி, அவ்விடத்தில் வேறொரு மரபை நிறுவுவதாகும். சிரேஷ்ட மாணவர் எனும் தகுதி, தான் இடறிய கல்லை இன்னொருவர் பாதையிலிருந்து அகற்றுவதால் பெறப்படுவதாக அமைதல் வேண்டும்.

திருக்குறளின் அதிகார வைப்பு முறை இங்குச் சிந்திக்கத்தக்கது. கல்வி, கல்லாமை, கேள்வி, அறிவுடைமை என அவை ஒன்றன்பின் ஒன்றாக அமைந்துள்ளன. கல்விக்கும் அறிவுடைமைக்கும் இடையிற் கேள்வி நிற்கின்றது. கேள்வி என்பது கற்றாரிடம் கேட்டறிதல். கேட்பவர் இருப்பினும் சொல்பவர் இல்லாவிடின் கேள்வி நிகழாது. ஆகவே கேட்டறிதல் இளையோரின் கடமையாயின், சொல்லுதல் மூத்தோரின் கடமையாகின்றது. பொதுமக்களின் செலவில் கற்றவருக்கு இது கருணை எனும் பெயருக்கும் உரியதன்று. கடன் தீர்த்தலே ஆகும்.

எனவே முதலில் எழுந்த வினாக்களுக்கு விடை கூறலாம். கடந்த வயதில் இருந்த தனக்கு அறிவுரை சென்றடையாது. அவ்வயது முடிந்துவிட்டது, அதன் பிழைகளும் இன்றைய தெளிவின் பகுதியாகிவிட்டன. ஆனால் அதே வயதில், அதே திகைப்போடு, இன்னொரு தம்பியோ தங்கையோ இவ்வருடமும் உயர்தரப் பரீட்சைக்கு அமர்கின்றார். அவ்வறிவுரை முகவரி தவறி எழுதப்பட்ட கடிதம் போன்றது. எழுதியவருக்கு அது திரும்பி வந்தாற் பயனில்லை. உரியவரிடம் சேர்ந்தாற் பயனுண்டு. ஓர் ஆங்கில அகராதியும், ஒரு பாடக் குறிப்பும், விண்ணப்பப் படிவத்தை உடனிருந்து நிரப்பும் அரைநாளும் அதற்குப் போதும். விடுமுறையில் ஊர் திரும்பும் மாணவர் தாம் படித்த பாடசாலைக்கு ஒருமுறை சென்று வருவாராயின், "இது அன்றே தெரிந்திருந்தால்" எனும் பெருமூச்சு அடுத்த வருடம் ஒருவர் வாயிலிருந்தேனும் எழாதிருக்கும்.