பெருங் கம்பனிகளுக்கு வரிச்சலுகை: ஓர் அறவியல் நோக்கு

வரிவிடுமுறை என்ற சொல் இலங்கை வாசகருக்குப் புதியதன்று. 1978ஆம் ஆண்டிற் கட்டுநாயக்காவில் சுதந்திர வர்த்தக வலயம் தொடங்கப்பெற்ற காலந்தொட்டு, முதலீட்டாளரைக் கவர்தற்கு அரசு வரியை விட்டுக்கொடுத்தல் வேண்டும் என்னுங் கருத்து நம்மிடையே நிலைபெற்றுவிட்டது. நாடுகள் இவ்வாறு போட்டியிடுதல் போலவே, ஐக்கிய அமெரிக்காவில் நகரங்களும் மாநிலங்களும் ஒன்றோடொன்று போட்டியிடுகின்றன. அப்போட்டியின் விளைவுகள் ஆங்குத் தெளிவாக வெளிப்பட்டிருத்தலால், வரியிறுப்பாளர் பணத்திற் கொடுக்கப்படும் சலுகை ஒரு நகருக்கு நன்மை பயக்குமா என்ற வினாவை அந்நாட்டு நிகழ்ச்சிகளைக் கொண்டு ஆராய்தல் பொருத்தமாகும்.

2017 செப்டெம்பரில் அமேசன் கம்பனி தனது இரண்டாவது தலைமையகத்துக்கு இடம் தேடுவதாக அறிவித்தது. 238 விண்ணப்பங்கள் குவிந்தன. 2018 நவம்பரில் நியூயோர்க்கின் லோங் ஐலன்ட் சிற்றியும் வேர்ஜீனியாவின் ஆர்லிங்டனும் தெரிவாகின. ஒவ்வோரிடத்திலும் 25,000 தொழில்கள் உருவாகும் என்பது வாக்குறுதி. நியூயோர்க் மாநிலமும் மாநகரும் அளிக்க முன்வந்த சலுகைகள் ஏறத்தாழ 3 பில்லியன் டொலராகும். அவற்றுள் மாநில வரிக்கழிவு மட்டும் 1.2 பில்லியன், அதாவது, தொழிலொன்றுக்கு 48,000 டொலர்.

சலுகையை ஆதரிப்போரின் வாதம் எளிதில் ஒதுக்கத்தக்கதன்று. கம்பனி வராவிடின் வரியே இல்லை. வருமாயின், ஒரு பகுதியை விட்டுக்கொடுத்த பின்னரும் எஞ்சுவது நகருக்கு இலாபமே என்பர் அவர். 25 ஆண்டுகளில் 27 பில்லியன் டொலர் வருமானம் கிட்டும் என நியூயோர்க் ஆட்சியாளர் கூறினர். அயலிலிருந்த பொதுக் குடியிருப்புக்களின் தலைவர்களுட் சிலரும் தம் மக்களுக்குத் தொழில் வேண்டி அத்திட்டத்தை ஆதரித்தனர். தொழிலற்றோரின் தேவையைப் பல்கலைக்கழக நூலகத்திலிருந்துகொண்டு எள்ளுதல் அறமாகாது.

ஆயினும், இவ்வாதம் முழுவதும் 'வராவிடின்' என்ற ஒரு சொல்லின்மேல் நிற்கின்றது. எதிர்ப்புக் கிளம்பவே, 2019 பெப்ரவரி 14இல் அமேசன் நியூயோர்க் திட்டத்தைக் கைவிட்டது. அவ்வாண்டு டிசெம்பரிலேயே, அச்சலுகைகள் எவையுமின்றி, 1,500க்கு மேற்பட்ட ஊழியருக்கான அலுவலகமொன்றை மன்ஹற்றனில் வாடகைக்கு அமர்த்துவதாக அறிவித்தது. 1,500 என்பது 25,000க்கு ஈடாகாது என்பது மெய்யே. எனினும், பயிற்சிபெற்ற ஊழியரும் போக்குவரத்தும் கல்வி நிலையங்களும் தாமாகவே கம்பனிகளை ஈர்க்கவல்லன என்பதை இந்நிகழ்ச்சி உணர்த்துகின்றது. பொருளியலறிஞர் திமொதி பார்ட்டிக் 2018இல் வெளியிட்ட ஆய்வின்படி, சலுகை பெற்ற கம்பனிகளுள் அச்சலுகையின் பொருட்டே அவ்விடத்தைத் தெரிந்தவை நூற்றுக்கு 2 முதல் 25 வரையே ஆகலாம். ஏனையவற்றுக்குக் கொடுத்தது, தானாக வரவிருந்த செல்வந்த விருந்தினனுக்கு ஏழை வீட்டார் வழிச்செலவு அனுப்பியமை போன்றதாகும்.

அடுத்து, வாக்குறுதி பொய்க்குமிடத்து நேரும் இழப்பை நோக்குதல் வேண்டும். 2017இல் பொக்ஸ்கொன் கம்பனி 10 பில்லியன் டொலர் முதலீட்டையும் 13,000 வரையான தொழில்களையும் வாக்களிக்க, விஸ்கொன்சின் மாநிலம் ஏறத்தாழ 3 பில்லியன் டொலர்ச் சலுகைக்கு இசைந்தது. மவுண்ட் பிளசன்ற் என்னும் சிற்றூர் கடன்பட்டு நிலம் சேர்த்தது. குடும்பங்கள் தம் வீடுகளை விட்டகன்றன. 2021இல் ஒப்பந்தம் திருத்தப்பட்டபோது தொழில்கள் 1,454 ஆகவும், சலுகை 80 மில்லியன் டொலராகவும் சுருங்கின. தொழில்களை உண்டாக்கினாலன்றிச் சலுகையில்லை என்ற நிபந்தனை மாநிலப் பணத்தின் பெரும்பகுதியைக் காத்தது. ஆயின், இடிக்கப்பட்ட வீடுகளை அந்நிபந்தனை மீட்டுத்தரவில்லை. பின்னர் அந்நிலத்தின் ஒரு பகுதியை மைக்ரோசொவ்ற் வாங்கியமை ஊருக்கு ஆறுதலாகலாம்; அகன்றவர்க்கு அஃது ஆறுதலன்று.

இவ்விடத்திலேதான் பொருளியல் வினா அறவியல் வினாவாக மாறுகின்றது. 'நகருக்கு நன்மை' என்னும்போது 'நகர்' என்பது யார்? உயர்சம்பளம் பெறும் புதிய ஊழியரும் நிலவுடைமையாளரும் நகரே. ஏறும் வாடகையைத் தாங்கமாட்டாதவரும், முழுவரியையும் இறுக்கும் சிறுகடைக்காரரும் நகரே. நன்மை ஒருசாரார்க்கும் சுமை மற்றொரு சாரார்க்கும் ஆகுமிடத்து, இரண்டையுங் கூட்டிக் கழித்து 'நகர் நன்மை பெற்றது' என்றல் கணக்காகலாம்; நீதியாகாது. பிசிராந்தையார் பாண்டியன் அறிவுடைநம்பிக்குப் பாடிய புறநானூற்றுப் பாட்டு, முறையறியாது வரி கொள்ளும் அரசனை இடித்துரைத்தது. இக்காலத்து அரசோ, வலியவனிடம் கொள்ளாது விடுவதாலும் முறைதவறுதல் கூடும். விட்டதை எளியவனிடமே கொள்ள நேருமாகலின்.

பிறருடைய உரிமையைத் தொடும் ஒரு செயலின் நோக்கம் வெளிப்படுத்தப்படத் தகாததாயின் அச்செயல் நீதியற்றது என்றார் இமானுவேல் கான்ற். அமேசனின் தெரிவுப்பட்டியலில் இடம்பெற்ற நகரங்கள் பல, இரகசியங் காக்கும் உடன்படிக்கைகளிற் கையொப்பமிட்டன. தம் பணத்தில் எவ்வளவு கொடுக்கப்படவுள்ளது என்பதைப் பணத்துக்குரியவர்களே அறியாதிருந்தனர். சலுகையின் அளவினும் பாரிய குறை இதுவே. கொடுக்கப்படுவது பொதுப்பணமாயின், கொடுப்பதற்கு இசைதலும் பொதுவாதல் வேண்டும்.

இதனாற் சலுகை யாவும் தீதென்பது பெறப்படாது. வேர்ஜீனியா மாநிலம் தொழில்கள் உருவான பின்னரே பணம் வழங்குவதென வரையறுத்தது. கணினிக் கல்விக்கும் பெருந்தொகை ஒதுக்கியது. 2023இல் அமேசன் ஆர்லிங்டன் கட்டடங்களின் இரண்டாங் கட்டத்தை ஒத்திவைத்தது. ஆயினும் கல்விக்கு இட்ட முதல் அம்மாநில மக்களுக்கே உரியதாய் நின்றது. எனவே, ஒரு நகர் கேட்கவேண்டிய வினாக்கள் மூன்று: சலுகையின்றியும் இக்கம்பனி வருமா? வாக்குப் பொய்த்தால் இழப்பை ஏற்பவர் யார்? அவர்களிடம் முன்னரே கேட்கப்பட்டதா? இம்மூன்றுக்கும் வெளிப்படையாக விடையிறுக்க இயலாத ஆட்சி, எத்துணைத் தொழில்களை எண்ணிக் காட்டினும், வரியிறுப்பாளரின் பணத்தை அவர் பெயராற் கொடுக்கும் உரிமை உடையதன்று.