வானத்துக் கருந்துளையும் வாய்க்கால் தண்ணீரும்



லூக்கா நற்செய்தியின் 12ஆம் அதிகாரத்திலே யேசு ஆண்டவர் ஒரு செல்வந்தனைப் பற்றிக் கூறுகின்றார். அவனுடைய நிலம் நன்றாக விளைந்தது. விளைச்சலை வைக்க இடமில்லை. ஆகவே இருந்த களஞ்சியங்களை இடித்துப் பெரியனவாகக் கட்டத் தீர்மானித்தான். அன்றிரவே அவனுடைய உயிர் கேட்கப்பட்டது. அவன் களவெடுத்தான் என்று ஆண்டவர் சொல்லவில்லை. வேலையாளின் கூலியைப் பிடித்து வைத்தான் என்றும் சொல்லவில்லை. அப்படியானால் அவன் செய்த குற்றந்தான் என்ன? அவன் பேசியதெல்லாம் தன்னோடு, திட்டமிட்டதெல்லாம் தனக்காக. அயலவன் ஒருவன்கூட அவனுடைய நினைவிலே வரவில்லை.

இந்தப் போதனையை இன்று சற்று வேறு வழியாகச் சிந்திப்போம். வானத்தை நோக்குவோம். திருச்சபைக்கு வானியல் அந்நியமான கலையல்ல. அண்டம் விரிவடைகின்றது என்பதை 1927ஆம் ஆண்டில் கணித்து எழுதியவர்களுள் முதன்மையானவர் பெல்ஜிய நாட்டுக் கத்தோலிக்கக் குருவானவர் ஜோர்ஜ் லெமேத்ர் அவர்களே.

வட்டக்கச்சியிலே சிறுபோக வயலுக்குக் காவலிருப்போருக்கு இரவு வானம் நன்கு பழக்கமானது. ஆனி, ஆடி மாதங்களில் முகிலற்ற இரவிலே, தெற்கு வானில் பால் சிந்தியது போன்ற மங்கலான பட்டை ஒன்று தெரியும். அதுவே பால்வீதி, நமது சூரியனும் அடங்கியுள்ள விண்மீன் மண்டலம். தனு இராசிப் பக்கமாக அந்தப் பட்டை தடித்துத் தோன்றும் இடத்திலேதான் அதன் நடுப்பகுதி இருக்கின்றது. அங்கே, ஏறத்தாழ 27 ஆயிரம் ஒளியாண்டுகளுக்கு அப்பால், சூரியனைப்போல் சுமார் 40 இலட்சம் மடங்கு திணிவுடைய கருந்துளை ஒன்று உள்ளது. அதன் ஈர்ப்பிலிருந்து ஒளியும் தப்ப முடியாது. ஆகவே அதை நேராகக் காண முடியாது. அதைச் சுற்றி ஓடும் விண்மீன்களின் வேகத்தைக் கொண்டே அறிஞர்கள் அதை அறிந்தார்கள். அதனைச் சூழ்ந்த ஒளிவளையத்தின் படம் 2022 மே மாதத்தில் வெளியிடப்பட்டது.

இந்த ஆராய்ச்சியின் தொடக்கத்திலேயே ஒரு தமிழர் நிற்கின்றார். சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்ற சுப்பிரமணியன் சந்திரசேகர், 1930ஆம் ஆண்டில், 19 வயது இளைஞராக இங்கிலாந்துக்குக் கப்பலில் சென்றபோது ஒரு கணக்கைச் செய்தார். எரிந்து அடங்கும் விண்மீனின் எஞ்சிய திணிவு சூரியனைப்போல் சுமார் 1.4 மடங்குக்கு மேற்பட்டால், அது வெண்குள்ளன் என்னும் நிலையிலே அமைதிகொள்ள முடியாது. மேலும் மேலும் ஒடுங்கும் என்று கண்டார். பெரியவர்கள் அன்று ஏற்க மறுத்தார்கள். 1983இல் அவருக்கு நோபெல் பரிசு கிடைத்தது. 1999இல் விண்ணுக்கு ஏவப்பட்ட எக்ஸ்-கதிர்த் தொலைகாட்டிக்குச் ‘சந்திரா’ என்று அவருடைய பெயரையே இட்டார்கள்.

அந்தச் சந்திரா தொலைகாட்டியும், 2021ஆம் ஆண்டு நத்தார் தினத்தன்று ஏவப்பட்ட ஜேம்ஸ் வெப் தொலைகாட்டியும் சேர்ந்து கண்ட ஒரு கருந்துளையைப் பற்றி 2023 நவம்பரில் அறிவித்தார்கள். அதிலிருந்து புறப்பட்ட ஒளி நம்மை வந்தடைய 1,320 கோடி ஆண்டுகள் சென்றன. அண்டம் தோன்றி 47 கோடி ஆண்டுகளே ஆகியிருந்த காலத்தின் காட்சி அது. நமக்கு அருகிலுள்ள விண்மீன் மண்டலங்களிலே நடுவிலுள்ள கருந்துளையின் திணிவு, விண்மீன்களின் மொத்தத் திணிவில் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவில்தான் இருக்கும். இங்கேயோ கருந்துளையின் திணிவு, அந்த மண்டலத்து விண்மீன்கள் அனைத்தினதும் திணிவுக்கு ஏறக்குறையச் சமமாக இருந்தது! இறந்த விண்மீனிலிருந்து சிறிது சிறிதாக வளராமல், பெரும் வாயு முகில் ஒன்று நேரடியாக ஒடுங்கிப் பிறந்த கருந்துளைகளும் இருக்கலாம் என்று கோயம்புத்தூரில் பிறந்த வானியலாளர் பிரியம்வதா நடராஜனும் அவரோடு உழைத்தோரும் முன்னரே எழுதியிருந்தார்கள். இக்கண்டுபிடிப்பு அந்தக் கருத்துக்கு வலுவூட்டியது.

அப்படியானால் அந்தக் கருந்துளை தன் மண்டலம் முழுவதையும் விழுங்கிவிடுமா? இல்லை. இங்கேதான் நாம் கவனிக்கவேண்டிய உண்மை இருக்கின்றது.

கருந்துளை எதையும் வலிந்து உறிஞ்சும் அரக்கனல்ல. சூரியன் இருக்கும் இடத்திலே அதே திணிவுடைய கருந்துளை ஒன்று இருந்தாலும் பூமி தன் பாதையிலேயே சுற்றிவரும். மிக அருகே வந்த வாயுவே உள்ளே விழுகின்றது. விழும் வாயு கடுமையாக வெப்பமடைந்து பேரொளி வீசுகின்றது. அளவுக்கு மீறி வாயு வந்து விழுந்தால், அந்த ஒளியின் தள்ளுகையே பின்னால் வரும் வாயுவைத் துரத்திவிடுகின்றது. காற்றாகவும் தாரையாகவும் சக்தி வெளியேறுகின்றது. உணவாக வந்த வாயு சிதறிப்போக, கருந்துளையின் வளர்ச்சி தணிகின்றது. அந்த வாயுவே புதிய விண்மீன்கள் பிறப்பதற்கும் மூலப்பொருள். ஆதலால் அது மிதமிஞ்சிச் சிதறினால் மண்டலம் முழுவதுமே மலடாகின்றது.

பிரியமானவர்களே, கருந்துளைக்குப் பாவமுமில்லை, புண்ணியமுமில்லை. அதன் அளவு அதன் இயல்பிலேயே வைக்கப்பட்டிருக்கின்றது. மனிதனுக்கோ இறைவன் சுயாதீனத்தைத் தந்தார். நம்முடைய அளவை நாமே மனச்சாட்சியோடு காத்துக்கொள்ளவேண்டும். காக்காவிட்டால், நமக்குள்ளிருந்து தள்ளும் ஒளி எதுவும் நம்மைத் தடுக்கமாட்டாது.

இரணைமடுக்குளத்தின் தண்ணீரை நினைத்துப் பாருங்கள். கனகராயன் ஆறு கொண்டுவந்து நிரப்புகின்ற அந்தக் குளம் வட்டக்கச்சியின் உயிர். ஆனால் சிறுபோகத்திலே எல்லா வயலுக்கும் அது போதாது. அதனால்தான் கமக்காரர் கூடி, இவ்வளவு ஏக்கர் செய்வது, இன்னாருக்கு இவ்வளவு பங்கு, இன்ன நாளில் தண்ணீர் என்று முடிவு செய்கின்றார்கள். இது வெறும் நிருவாக ஏற்பாடா? இல்லை, இது அயலவனுடைய சோறு. பங்குக்கு மேலே ஒருவன் விதைத்தாலும், முறை மாறி இரவிலே வாய்க்காலில் இயந்திரத்தை வைத்து இறைத்தாலும், தலைப்பக்கத்து வயல் தழைக்கும். வாய்க்காலின் கடைசியிலே, கதிர் தள்ளும் பருவத்தில், இன்னொருவனுடைய பயிர் கருகும். அந்த வயல் கணவனை இழந்த ஒரு தாயினுடையதாக இருக்கலாம். கடன்பட்டு விதைத்தவனுடையதாக இருக்கலாம். ‘நான் களவெடுக்கவில்லை, என் வயலுக்குத்தானே பாய்ச்சினேன்’ என்று சொல்லித் தப்ப முடியுமா? களஞ்சியம் கட்டியவனும் அப்படித்தானே எண்ணினான்!

2009ஆம் ஆண்டை வன்னி மக்கள் மறப்பதற்கில்லை. வீட்டையும் வயலையும் விட்டு, கையில் அகப்பட்டதோடு கிழக்கு நோக்கி நடந்த நாட்கள் அவை. அந்நாட்களிலே ஒரு கிடாரத்துக் கஞ்சியை எத்தனை பேர் பங்கிட்டுக் குடித்தார்கள்! ஒன்றுமில்லாத இடத்திலே பங்கிட்டவர்கள், வேலியும் வாய்க்காலும் திரும்பக் கிடைத்தபின் பங்கிட மறுக்கலாமா?

பாலைவனத்திலே இஸ்ராயேல் மக்களும் இதையே கற்றார்கள். யாத்திராகமம் 16ஆம் அதிகாரத்தை வாசியுங்கள். மன்னா அன்றன்றைக்கு வேண்டிய அளவு கிடைத்தது. மிகுதியாகச் சேர்த்தவனுக்கு மிஞ்சவில்லை. குறைவாகச் சேர்த்தவனுக்குக் குறையவில்லை. மறுநாளுக்கென்று சிலர் ஒளித்துவைத்ததோ புழுத்து நாறியது. அளவு இறைவன் இட்டது. அதை மீறியவர் கையிலே கொடையும் கெட்டுப்போயிற்று.

ஆகவே, பெற்றோரே, இந்த வாரம் குடும்பச் செபம் முடிந்தபின் பிள்ளைகளை முற்றத்துக்கு அழைத்துச் செல்லுங்கள். வானத்தைக் காட்டுங்கள். சந்திரசேகரின் கதையைச் சொல்லுங்கள். படிக்கும் பிள்ளை கேள்வி கேட்டால் அஞ்சாதீர்கள். அண்டத்தைப் படைத்தவர் கேள்விகளுக்குப் பயப்படுகிறவரல்லர். கமக்காரச் சகோதரரே, அடுத்த முறைத் தண்ணீர் திறக்குமுன், வாய்க்கால் வழியே கடைசி வயல்வரை ஒருமுறை நடந்து சென்று பாருங்கள். அங்கே மண் வெடித்திருந்தால், உங்கள் வயலுக்குப் போதுமான அளவு எது என்பதை அந்த வெடிப்பின் முன்னே நின்று தீர்மானியுங்கள்.

கோடானுகோடி விண்மீன்களுக்கு அளவிட்ட ஆண்டவர், தங்கள் அளவை அறிந்து வாழும் இதயத்தை நம் குடும்பங்களுக்கு அருள்வாராக. ஆமென்.