தன் பெயரைத் தானே சொல்லலாமா?

கற்ற வித்தையைப் பிறர் அறியச் செய்தல் கற்றவரின் கடமையா, அன்றி அது தற்புகழ்ச்சி என்னும் குற்றத்தின்பாற் படுமா என்னும் வினா பழைமையானது. ஆயினும் நம் வீட்டுப் பிள்ளைகள் நாம் அறியாத தொழில்களுக்குள் அடியெடுத்து வைக்கும் இந்நாளில் அது புதிய கூர்மையோடு நம்முன் வந்து நிற்கிறது.

வரைகலை வடிவமைப்பு என்னும் துறையை எடுத்துக்கொள்வோம். வங்கியின் சின்னம், நூலின் மேலட்டை, மருந்துப் பெட்டியில் உள்ள எழுத்து, இரயில் நிலையத்தில் வழிகாட்டும் பலகை ஆகிய யாவும் யாரோ ஒருவர் எண்ணி எண்ணி வரைந்தவை. இத்தொழிலைக் கற்கும் மாணவியிடம் இன்று என்ன எதிர்பார்க்கப்படுகிறது? தன் வேலைகளைத் தொகுத்து பிஹான்ஸ் தளத்தில் வைக்க வேண்டும். இன்ஸ்டாகிராமில் அடிக்கடி எதையேனும் காட்டிக்கொண்டிருக்க வேண்டும். லிங்க்ட்இன்னில் துறைப் பெரியவர்களைத் தேடிச் சென்று வணக்கம் கூற வேண்டும். போதாக்குறைக்குத் தன் பெயருக்கே ஒரு சின்னம் வரைந்துகொள்ள வேண்டும். இதற்கெல்லாம் சேர்த்து 'பர்சனல் பிராண்ட்' என்று பெயர்.

இதைக் கேட்கும் பெற்றோர் பலர் முகம் சுளிக்கின்றனர். "வேலை நன்றாக இருந்தால் அதுவே பேசாதா? நம்மைப் பற்றி நாமே போய்ச் சொல்வது என்ன பழக்கம்?" என்பது அவர்கள் கேள்வி. அக்கேள்வியில் நியாயம் இல்லாமல் இல்லை. தன்னைத் தானே வியந்துகொள்ளுதலை வள்ளுவர் குற்றங்கடிதல் அதிகாரத்தில் வைத்தார். அடக்கம் உடைமைக்கோ தனி அதிகாரமே வகுத்தார். அந்த நெறியில் வளர்ந்தவர்களுக்கு மகளின் கைப்பேசிப் பக்கம் கூசத்தான் செய்யும்.

ஆனால் இந்தக் கூச்சத்தின் வரலாற்றையும் சற்று எண்ணிப் பார்த்தல் வேண்டும். தமிழகம் விட்டு வடபுலம் வந்த நம்மவரில் பெரும்பாலோர் தட்டச்சுச் சான்றிதழோடும் பட்டத்தோடும் வந்து, தேர்வெழுதி, அரசு வேலையில் அமர்ந்தவர்கள். 1975-இல் தோற்றுவிக்கப்பட்டு 1977-இல் இன்றைய பெயரைப் பெற்ற பணியாளர் தேர்வாணையம் நம் முகத்தையோ பேச்சையோ பார்த்ததில்லை. பதிவெண்ணைப் பார்த்தது, மதிப்பெண்ணைப் பார்த்தது, ஆணை அனுப்பியது. பதிவெண்ணுக்குத் தன்னைப் புகழ்ந்துகொள்ள வேண்டிய தேவை ஏது? அடக்கம் நமக்குச் செலவில்லாத அறமாக இருந்தது. அதனை நம் உயர்ந்த குணம் என்று முழுவதும் கணக்கில் வரவு வைத்துக்கொள்வது பொருந்தாது. அதிலும் ஒன்று. அரசு அலுவலகங்களில் ஆண்டுதோறும் நிரப்பப்படும் மதிப்பீட்டுப் படிவத்தில் தம் பணியைத் தாமே விவரிக்கும் பகுதி பலருக்கும் உண்டு. அடக்கத்தின் பெருமை பேசும் நம்மவருள் எவரும் அப்பகுதியை வெற்றிடமாக விட்டு அனுப்பியதாகக் கேள்விப்பட்டதில்லை.

வேலை தானே பேசும் என்பதும் இத்துறையில் பாதி உண்மையே. தேசிய வடிவமைப்பு நிறுவனம் 1961-இல் அகமதாபாதில் தொடங்கப்பட்டது. அதற்கு வித்திட்டது அமெரிக்க வடிவமைப்பாளர்களான சார்ல்ஸ் ஈம்ஸ், ரே ஈம்ஸ் தம்பதியர் 1958-இல் எழுதிய 'இந்தியா ரிப்போர்ட்'. இந்தியாவில் தாம் கண்டு வியந்த பொருள்களுள் ஒன்றாக அதில் அவர்கள் சிறப்பித்துப் பேசியது நம் வீடுகளில் கிடக்கும் லோட்டாவை, அதாவது செம்பை. கைக்கு இசைவு, நீரின் எடை, இடுப்பிலும் தலையிலும் சுமக்கும் வகை, ஊற்றும் வாய், துலக்கும் எளிமை என்று அத்தனையும் கூடிவந்த அப்பொருளை எந்தத் தனி மனிதரும் வடிவமைக்கவில்லை. தலைமுறைகள் வடிவமைத்தன என்றனர். பெயரில்லாத செம்பைப் புகழ்ந்து பிறந்த கல்வியைக் கற்பவர்கள் இன்று முதல் பாடமாகத் தம் பெயரைப் பரப்பக் கற்க வேண்டியிருப்பது விந்தைதான்.

ஆயினும் செம்பு செய்த கன்னார் தம் தெருவிலேயே வாழ்ந்தார். யார் கைவேலை என்று வாங்குவோர் அறிவர். இன்றைய வடிவமைப்பாளரின் நிலை அதுவன்று. தூர்தர்ஷனின் கண் போன்ற சின்னத்தைப் பல பத்தாண்டுகளாக நாடே பார்த்தது. அது அந்நிறுவனத்தில் மாணவராய் இருந்த தேவாசிஸ் பட்டாச்சார்யாவின் வகுப்புப் பயிற்சியில் பிறந்தது. பாரத ஸ்டேட் வங்கியின் நீல வட்டச் சின்னம் சேகர் காமத் வரைந்தது. இவ்விரு பெயர்களையும் நம்மில் எத்தனை பேர் கேட்டிருக்கிறோம்? வேலை நன்றாகத்தான் பேசிற்று. ஆனால் வங்கியைப் பற்றிப் பேசிற்று, தொலைக்காட்சியைப் பற்றிப் பேசிற்று. செய்தவரைப் பற்றிப் பேசவில்லை. செய்தவரை மறைப்பதே இத்தொழிலின் இயல்பு.

ரூபாயின் குறியீட்டை வரைந்த உதயகுமாரின் பெயரை மட்டும் தமிழர் அனைவரும் அறிவர். மும்பை ஐஐடியின் வடிவமைப்பு மையத்தில் தமிழ் எழுத்துருக்களை ஆராய்ந்தவர் அவர். மூவாயிரத்துக்கும் மேற்பட்ட வரைவுகளுள் அவருடையதே தேர்ந்தெடுக்கப்பட்டு 2010 சூலை 15-ஆம் நாள் மத்திய அமைச்சரவையால் ஏற்கப்பட்டது. அது தேர்வு, நம் பதிவெண் உலகத்தைச் சேர்ந்தது. அதனால்தான் நமக்கு அவ்வளவு இனித்தது. ஆனால் ஒரு தேநீர் வணிகரோ பதிப்பகமோ சின்னம் வேண்டும்போது நாடு தழுவிய போட்டி நடத்துவதில்லை, தெரிந்தவரிடம் கேட்கிறார்கள். தெரியாத மாணவி எங்கே போவாள்?

இவ்விடத்தில் நன்னூல் நமக்குத் துணை வருகிறது. எவ்வளவு அரிய நூலைப் படைத்தவராயினும் தம்மைத் தாமே புகழ்தல் தகாது என்கிறார் பவணந்தி முனிவர். பதின்மூன்றாம் நூற்றாண்டின் அந்த இலக்கணப் பெரியார் அதோடு நிறுத்தவில்லை. தற்புகழ்ச்சி குற்றமாகாத நான்கு இடங்களையும் உடனே கூறுகிறார். அரசவைக்கு ஓலை எழுதும்போது, தன் ஆற்றலை உணராதவர் நடுவே, அவையில் வாதில் வெல்ல வேண்டிய பொழுதில், மாற்றான் தன்னைப் பழித்த வேளையில் என்பன அவை. முதலிரண்டும் நம் மாணவிக்கென்றே எழுதப்பட்டவை போல் இல்லையா? வேலைக்கு எழுதும் விண்ணப்பம் அரசவை ஓலையே. அவளை அறியாத மாநகரமோ, ஆற்றலை உணராதவர் நிறைந்த இடமே. ஆதலால் தன் வேலையை எடுத்துக் காட்டுவதில் குற்றமில்லை என்பதே நம் கருத்து.

எனினும் 'பிராண்ட்' என்ற சொல்லோடு நமக்கு உடன்பாடு இல்லை. ஆங்கிலத்தில் அச்சொல்லின் வேர் எரித்தல் என்பது. காய்ச்சிய இரும்பால் கால்நடைக்குச் சூடு போட்டு உடைமையைக் காட்டிய வழக்கம் பிறகு வணிகக் குறிக்கு வந்தது. உப்புப் பொட்டலத்தின் மேலுள்ள குறி செய்யும் வேலை என்ன? ஒவ்வொரு முறையும் பிரித்துப் பார்க்காமலே வாங்கலாம் என்று உறுதி தருவது. பொட்டலத்துக்கு அது நற்குணம். நேற்றுப் போலவே இன்றும் இருக்க வேண்டியது அதன் தருமம். இருபது வயதுப் பிள்ளை நேற்றுப் போலவே இன்றும் இருந்தால் அதைக் கல்வி என்று எப்படிச் சொல்வது? தடித்த எழுத்தும் மஞ்சள் நிறமும் விருப்பங்களை மிகுதியாகப் பெற்றுத்தந்தன என்பதற்காக அதையே தன் பாணி என்று முத்திரை குத்திக்கொண்ட மாணவர், அடுத்த ஆண்டு வேறொன்றைக் கற்க அஞ்சுகிறார். தன் சூட்டைத் தானே போட்டுக்கொள்வது இதுதான்.

பெருஞ்சித்திரனாரை நினைத்துப் பார்க்கிறோம். மலைகளைக் கடந்து அதியமானைக் காண வந்த அவருக்கு, அதியமான் நேரில் காணாமலே பரிசிலை அனுப்பினான். வறுமையில் உழன்ற அப்புலவர் அதை ஏற்கவில்லை. காணாமல் தந்ததைப் பெற்றுச் செல்ல நான் வாணிகன் அல்லேன், என்னைக் கண்டு என் தகுதி அறிந்து தருவது தினையளவாயினும் எனக்கு இனியது என்னும் பொருள்பட அவர் மறுத்த செய்தி புறநானூற்றில் உள்ளது. அவர் தம் தகுதியைச் சொல்லத் தயங்கியவர் அல்லர். மிகத் துணிவோடே சொன்னார். அவர் கேட்டது தம்மை உற்றுப் பார்க்க வேண்டும் என்பதே. பிராண்டோ, பார்க்காமலே வாங்கச் சொல்கிறது. தன் வேலையைக் காட்டுவதற்கும் தன்னையே பொட்டலமாக்குவதற்கும் இடையே உள்ள தூரம் இதுதான் என்று நமக்குத் தோன்றுகிறது.

காட்டுவதிலும் வாய்மை வேண்டும். ஐந்து மாணவர் கூடிச் செய்த ஒரு வேலை ஐவர் பக்கத்திலும் தனித்தனியே 'என் படைப்பு' என்று நிற்பதை இன்று காணலாம். எழுத்தை வரைந்தவர் ஒருவர், படம் எடுத்தவர் ஒருவர், அச்சகத்தில் நின்று நிறம் பார்த்தவர் ஒருவர். பெயர் பொறித்தல் பழியன்று. சோமநாதபுரத்து ஹொய்சளக் கோயிலில் மல்லிதம்மா என்னும் சிற்பி தம் பெயரைப் பொறித்திருக்கிறார். ஆனால் தாம் செதுக்கியதன் கீழ்ப் பொறித்தார். 1010-இல் நிறைவுற்ற தஞ்சைப் பெரிய கோயிலிலோ இராசராசன் தான் கொடுத்தவற்றோடு தன் அக்கன் கொடுத்தவற்றையும் தேவியர் கொடுத்தவற்றையும் பிறர் கொடுத்தவற்றையும் கல்லில் வெட்டச் சொன்னான். ஆடல் மகளிர் நானூற்றுவரின் பெயர்கள் அவர்கள் வாழ்ந்த தெருவோடு அங்கே உள்ளன. பேரரசனால் இயன்றது ஒரு மாணவரின் பக்கத்தில் இரண்டு வரியில் இயலாதா?

இனி, தொடர்புகள். நம்மவர் இதைச் சிபாரிசு என்ற ஒரே சொல்லில் அடக்கிவிட்டுப் பழிக்கின்றனர். அப்படிப் பழிக்க நமக்கு உரிமை உண்டா என்பது ஐயம். மணிநகரிலும் மாதுங்காவிலும் கரோல்பாகிலும் வந்திறங்கிய முதல் தலைமுறையார் எதை நம்பி வந்தனர்? ஊர்க்காரர் ஒருவரின் முகவரி எழுதிய தாளை நம்பி. அவர் வீட்டுத் திண்ணையில் மூன்று மாதம் படுத்து, அவர் காட்டிய அலுவலகத்தில் மனுப் போட்டு, பிறகு வேலையில் அமர்ந்து, அடுத்து வந்தவருக்கு அதே திண்ணையைக் காட்டியவர்கள் நாம். சங்க இலக்கியம் இதற்கு ஆற்றுப்படை என்று பெயரிட்டு ஓர் இலக்கிய வகையாகவே போற்றியது. பத்துப்பாட்டில் பாதி ஆற்றுப்படையே. பரிசில் பெற்று வருகிற பாணன், வறுமையோடு எதிர்வரும் பாணனை நிறுத்தி, இவ்வழியே போ, இன்ன வள்ளல் இருக்கிறான் என்று வழி சொல்கிறான். வழி சொன்னதால் அவன் பரிசில் குறையவில்லை.

வாயிலைக் காட்டுவது வேறு. மற்றவர் இருக்கையைப் பறித்துத் தருவது வேறு. தேர்வில் முன்நிற்பவரைத் தள்ளி வைத்துத் தம்மவரை அமர்த்துவது சிபாரிசு, அது திருட்டு. ஒரு விளம்பர நிறுவனத்தின் கலை இயக்குநரிடம், "இவள் வேலையை ஒரு பத்து நிமிடம் பாருங்கள்" என்பது ஆற்றுப்படை. ஆனால் அந்தப் பத்து நிமிடம் யாருக்குக் கிடைக்கிறது என்பதில்தான் நெஞ்சம் உறுத்துகிறது. நிறுவன முதலாளியின் மகனுக்கு அது காலை உணவு மேசையிலேயே கிடைத்துவிடுகிறது. ஆலைத் தொழிலாளியின் பேத்திக்கோ ஒருவரும் இல்லை. ஆகையால் முன்பின் அறியாதவர்களுக்கு ஐம்பது கடிதம் எழுதுகிறாள். அதை அவளுடைய துணிச்சல் என்று கொள்ளாமல் நாணமின்மை என்று நாம் பெயரிட்டால், கதவுகளை ஏற்கெனவே திறந்து வைத்திருப்பவர்களுக்கே அடக்கம் என்னும் நற்பெயரையும் சேர்த்துக் கொடுத்துவிடுகிறோம்.

பயன் கருதிப் பழகுவது பொய்ந்நட்பு ஆகாதா என்றும் கேட்கலாம். ஐம்பது பேருக்கும் ஒரே கடிதத்தைப் பெயர் மாற்றி அனுப்பினால் ஆகும். ஒருவரின் ஒரு வேலையை ஆழ்ந்து பார்த்து, "இவ்வெழுத்தின் இடைவெளியை ஏன் இவ்வாறு குறைத்தீர்கள்?" என்று கேட்டால், அது மாணாக்கர் ஆசிரியரைத் தேடிச் செல்லும் பழைய வழிதான். கேட்கப்பட்டவரும் அதில் மகிழ்வார்.

கூறாமல் விட இயலாத ஒன்று எஞ்சியிருக்கிறது. "பணம் இல்லை, ஆனால் உனக்குப் பெயர் கிடைக்கும்" என்று சொல்லி மாணவரிடம் வேலை வாங்கும் வழக்கம் பெருநிறுவனங்களுக்கு மட்டும் உரியதன்று. பொங்கல் விழா, ஆண்டு விழா என்றால் அழைப்பிதழும் பதாகையும் வரைந்து தரச் சங்கத்துப் பிள்ளைகளிடம்தான் நாமும் கேட்கிறோம். நாதசுவரக் கலைஞருக்கு முன்பணம் கொடுக்கிறோம். பந்தல்காரருக்கு நாள் கூலி கொடுக்கிறோம். சமையற்காரரோடு பேரம் பேசியேனும் கொடுத்துவிடுகிறோம். மூன்று இரவு கண்விழித்து வரைந்த பெண்ணுக்கு மேடையில் ஒரு சால்வை. அழைப்பிதழின் அடியில் அச்சகத்தின் பெயரும் தொலைபேசி எண்ணும் இருக்கின்றன. வரைந்தவர் பெயர் இல்லை. அவள் அதைத் தன் பக்கத்தில் தானே எடுத்துப் போட்டு, 'இது நான் வரைந்தது' என்று எழுதிக்கொண்டால், அதையும் பார்த்துவிட்டு, இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு விளம்பரப் பித்து என்கிறோம்.