நித்திரையும் விசுவாசமே



தபசு காலத்தோடு பரீட்சைக் காலமும் வந்துவிட்டது. பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் உள்ள வீடுகளில் நடுநிசி தாண்டியும் விளக்கு எரிகிறது. போன ஞாயிறு பூசை முடிந்ததும் ஒரு தாயார், "சாமி, என் மகன் மூன்று ராத்திரியாய்ப் படுக்கவேயில்லை" என்று பெருமையோடு சொன்னார். பக்கத்தில் நின்ற பிள்ளைக்குக் கண் சிவந்திருந்தது. "நேற்று என்ன படித்தாய், தம்பி?" என்று கேட்டேன். விழித்தானே தவிர, பதில் வரவில்லை.

அந்தத் தாயாரைக் குறை சொல்ல மனம் வரவில்லை. நாற்று நட்ட கூலியில் படிக்க வைக்கிறவர், பிள்ளை தேற வேண்டுமே என்று தவிப்பது இயல்பே. ஆனால் தவிப்பு வேறு, பிரயாசை வேறு.

நம் உத்திரமேரூரில் ஏரி வாரியம் இருந்ததை கி.பி. 921-ஆம் ஆண்டுக் கல்வெட்டு சொல்கிறது. ஏரியை அறிந்தவர்கள் நாம். மழைத் தண்ணீர் கலங்கலாய்த்தான் வந்து சேரும். அசையாமல் நின்றால்தான் வண்டல் அடங்கித் தெளியும். படிப்பும் அப்படியே. 1924-இல் அமெரிக்காவில் ஜென்கின்ஸ், டாலன்பாக் என்னும் இரு அறிஞர்கள், மனப்பாடம் செய்தபின் தூங்கினால் மறதி குறைவு, விழித்திருந்தால் அதிகம் என்று சோதித்துக் கண்டார்கள். 13 முதல் 18 வயதுவரை நாள்தோறும் 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் வேண்டுமென்று அமெரிக்கத் தூக்க மருத்துவக் கழகம் 2016-இல் அறிவித்தது.

எலியாஸ் தீர்க்கதரிசியை நினையுங்கள். மனமுடைந்து, சாவையே கேட்டுச் செடியடியில் படுத்தார். சர்வேசுரன் அவரை அதட்டவில்லை. தூங்கவிட்டார், சம்மனசின் கையால் அப்பமும் தண்ணீரும் கொடுத்தார், மறுபடியும் தூங்கவிட்டார். அதன்பிறகே நாற்பது நாள் பயணம். ஆகையால், "என்னால் முடியாது" என்று பிள்ளை சொன்னால், பெற்றோரே, கோபிக்காதீர்கள். முதலில் சோறு போட்டுத் தூங்க வையுங்கள். காலையில் பக்கத்தில் உட்கார்ந்து பேசுங்கள்.

மார்ச் மாதம் அர்ச். சூசையப்பருக்குரியது. அவர் தூங்கும்போதுதான் தேவ கட்டளை வந்தது. எழுந்ததும் தாமதமின்றி அதைச் செய்தார். தூங்கும் சூசையப்பர் சுரூபத்தைத் தம் மேசையில் வைத்திருப்பதாகவும், கவலைகளைச் சீட்டில் எழுதி அதனடியில் வைப்பதாகவும் பாப்பரசர் பிரான்சிஸ் 2015-இல் மணிலாவில் குடும்பங்களுக்குச் சொன்னார். கவலையை ஒப்படைத்துவிட்டுக் கண் மூடுவது சோம்பலல்ல, விசுவாசம். பகலெல்லாம் விளையாடிவிட்டு இதைச் சாக்காகச் சொல்லும் பிள்ளைக்கு நான் பேசவில்லை!

மாலையில் குடும்ப ஜெபமாலை சொல்லுங்கள். ஒன்பதரைக்குப் புத்தகத்தை மூடுங்கள். கைப்பேசி தாயாரிடம் இருக்கட்டும். தொலைக்காட்சியைப் பெரியவர்களும் நிறுத்துங்கள். பிள்ளை ஐந்தரைக்கு எழுந்தாலும் எட்டு மணி நேரம் ஆகிவிடும். பக்கத்து வீட்டுப் பிள்ளையின் மதிப்பெண்ணைப் பேசாதீர்கள். தவறினால் அதே ஆண்டில் துணைத் தேர்வு உண்டு. தவறிய பிள்ளைக்கு இன்னொரு ஆத்துமம் கிடையாது.

பிள்ளைகளே, உழைக்க வேண்டியது நீங்கள். இரவெல்லாம் விழித்திருந்து காக்கிறவர் ஆண்டவர். அவருடைய வேலையை அவரிடம் விட்டுவிட்டுத் தூங்குங்கள். ஆமென்.