தராசில் குழந்தையை வைக்கலாகாது

2025-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதக் கடைசியில், சம்பா அறுவடை முடிந்து வயல்களில் உளுந்து தலையெடுத்திருந்த சமயத்தில், சீர்காழியை அடுத்த ஒரு கிராமத்தில் மூன்றரை வயதுப் பெண் குழந்தையொன்று பாலியல் கொடுமைக்கு ஆளாகிப் பலத்த காயத்துடன் கிடந்த செய்தி வந்தது. குற்றஞ்சாட்டிப் பிடிக்கப்பட்டவன் பதினெட்டு வயது நிறையாத பையன். கிராமத்தின் பெயரையும் குடும்பத்தின் பெயரையும் நாம் எழுதவில்லை. குழந்தையை அடையாளம் காட்டும் எதையும் எழுதலாகாது என்பது சட்டம். சட்டம் இல்லாவிட்டாலும் மனிதர் செய்ய வேண்டியது அதுதான்.

அடுத்த சில நாட்களில், குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டத்தைப் பற்றி அலுவலர்களுக்கு நடந்த பயிற்சிக் கூட்டமொன்றில் அன்றைய மயிலாடுதுறை மாவட்ட ஆட்சியர் ஏ.பி. மகாபாரதி பேசினார். அன்று காலையில் அந்தக் குழந்தை பையனின் முகத்தில் துப்பியதாகத் தமக்கு அறிக்கை வந்திருப்பதாகவும், அதுவே காரணமாக இருக்கலாம் என்றும், இரு பக்கத்தையும் பார்க்க வேண்டும் என்றும் அவர் கூறியது தமிழகமெங்கும் கொதிப்பை உண்டாக்கியது. அரசு உடனே அவரை மாற்றியது. அவரை மறுபடியும் கூண்டில் ஏற்றுவது நம் நோக்கமன்று. அந்தப் பேச்சு அவர் ஒருவருடைய பேச்சாக இருந்தால் இத்தனை பக்கம் எழுத வேண்டியதுமில்லை. 'அந்தப் புள்ளைக்கு அந்த நேரத்துல அங்கே என்ன வேலை?' என்று நம் வீட்டுத் திண்ணைகளிலும், கல்யாண வீட்டுப் பந்தல்களிலும், படித்தவர் வாயிலிருந்தே நாம் கேட்டதில்லையா?

அந்த நாட்களில் எழுந்த இன்னொரு குரல் இதற்கு நேர் எதிரானது. 'பிடித்தவுடன் தூக்கில் போடு' என்றது அது. அந்தக் கோபத்தை நாம் குறை கூறவில்லை. பிள்ளை பெற்றவர்களுக்கு வரவேண்டிய கோபம்தான். ஆனால் நீதிமன்றம் தண்டனையை நிறுக்கும்போது தராசில் எதை வைக்கலாம், எதை வைக்கலாகாது என்ற கேள்விக்கு இரண்டு குரலுமே பதில் சொல்லவில்லை.

மார்க்கச் சட்டத்தைச் சிறிதளவு ஓதியவர்களுக்கும் தெரிந்த ஒரு விதி உண்டு. மூன்று பேரைவிட்டு எழுதுகோல் உயர்த்தப்பட்டிருக்கிறது: உறங்குகிறவர் விழிக்கும் வரை, சிறுபிள்ளை பாலிக் ஆகும் வரை, புத்தி பேதலித்தவர் தெளியும் வரை. அண்ணல் நபி (ஸல்) அவர்களின் வாக்காக வந்திருக்கும் இதை வைத்தே ஃபிக்ஹு நூலோர் பிள்ளைகளின் கணக்கைப் பிரித்தார்கள். ஏழு வயதைச் சுற்றித்தான் பிள்ளை நல்லது கெட்டது பிரித்தறியும் பருவத்தை அடைகிறது என்பது அவர்கள் கணிப்பு. தொழச் சொல்லவேண்டிய வயதும் அதுதான். மூன்றரை வயது அந்தப் பருவத்துக்கும் வெகு தொலைவில் இருக்கிறது. அக்குழந்தை துப்பியிருக்கலாம், கடித்திருக்கலாம், மண்ணை வாரி வீசியிருக்கலாம். மலக்குகளே எழுதாத ஒன்றை மாவட்டக் கச்சேரியில் எழுதிவைக்க யாருக்கு உரிமை?

இது பச்சைக் குழந்தைக்கு மட்டும் உரிய சலுகை என்று நினைத்துவிடக் கூடாது. 2012 நவம்பர் 14 முதல் நடைமுறையில் இருக்கும் போக்சோ சட்டம் பதினெட்டு வயது நிறையாத எல்லாரையும் குழந்தை என்றே கொள்கிறது. அந்த வயதுக்குக் கீழே 'அவளும் சம்மதித்தாள்' என்ற பேச்சு எடுபடாது. குழந்தையின் நடத்தையைக் கொச்சைப்படுத்தும் கேள்விகளை நீதிமன்றத்தில் கேட்க அனுமதிக்கலாகாது என்றும் அச்சட்டம் சொல்கிறது. அடக்கமாக உடுத்தாளா, தனியே போனாளா என்பதெல்லாம் பெற்றோர் வளர்ப்பில் கவனிக்க வேண்டிய விஷயங்களாக இருக்கலாம். ஒருவன் செய்த கொடுமையின் எடையில் ஒரு குன்றிமணி அளவையும் அவை குறைக்கமாட்டா.

அப்படியானால் அந்தப் பையனின் வயதை மட்டும் ஏன் பார்க்க வேண்டும் என்று கேட்பார்கள். கேட்கவேண்டிய கேள்விதான். 2012 டிசம்பரில் டில்லிப் பேருந்தில் நடந்த கொடுமையில் சேர்ந்திருந்தவர்களில் பதினெட்டு நிறையாத ஒருவன் மூன்று ஆண்டுகளில் வெளியே வந்தபோது நாடே கொந்தளித்தது. அதன் விளைவாக வந்த 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டப்படி, பதினாறு முதல் பதினெட்டு வயதுக்குள் மிகக் கொடிய குற்றம் செய்தவனைப் பெரியவனைப்போல் விசாரிக்க வழி உண்டு. அதற்கு முன் அவனுடைய உடல், மன வளர்ச்சியையும், விளைவை அறியும் திறனையும், குற்றம் நடந்த சூழ்நிலையையும் வாரியம் ஆராயவேண்டும். ஆனாலும் அவனுக்குத் தூக்கும் கிடையாது. விடுதலைக்கு வழியே இல்லாத ஆயுள் சிறையும் கிடையாது.

இதைக் கேட்டு 'மேல்நாட்டுக் கருணை' என்று உதட்டைப் பிதுக்குவோர், நம் இமாம்கள் இதே எல்லைக்கோட்டை வரைய எவ்வளவு யோசித்தார்கள் என்பதை அறியமாட்டார்கள். பாலிக் ஆனதன் அடையாளம் தோன்றாத பையனுக்குப் பதினைந்து வயதை எல்லையாக வைத்தார்கள் இமாம் ஷாஃபிஈ (ரஹ்) அவர்கள். உஹதுப் போருக்குப் பதினான்கு வயதில் வந்த இப்னு உமர் (ரலி) அவர்களைத் திருப்பி அனுப்பிய நாயகம் (ஸல்) அவர்கள், பதினைந்து வயதில் அகழ்ப்போருக்கு வந்தபோது ஏற்றுக்கொண்டார்கள் என்பது அதற்கு ஆதாரம். இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்களோ பையனுக்குப் பதினெட்டு என்றார்கள். அவர்களுடைய மாணவர்கள் அபூயூஸுஃபும் முஹம்மதும் (ரஹ்) தம் உஸ்தாதோடு ஒத்துப்போகாமல் பதினைந்தில் நின்றார்கள். எல்லைக்கோடு எங்கே என்பதில் கருத்து வேறுபாடு இருந்தது. எல்லைக்கோடு வேண்டும் என்பதில் இருக்கவில்லை. பாலிக் ஆகாதவனுக்கு ஹத்து தண்டனை இல்லையென்றாலும், திருத்தும் தண்டனை உண்டு, அவன் விளைத்த சேதத்துக்கு அவன் பொருளிலிருந்து ஈடும் உண்டு.

ஆக, செய்தவனின் வயதும், அறிவும், அவன் வளர்ந்த விதமும் தராசில் ஏறலாம். அவற்றை நிறுக்காத தீர்ப்பு தீர்ப்பாகாது. அவன் தண்டனையைக் குறைக்கும் காரணம் ஏதேனும் இருந்தால் அதை அவனிடத்திலேயே தேடவேண்டும். அடிபட்ட குழந்தையின் மடியில் தேடக் கூடாது. 'இரு பக்கமும் பார்' என்ற பேச்சு வழுக்கி விழுந்த இடம் இதுவே.

இனி தூக்குமேடைக்கு வருவோம். சட்டம் கடுமையாக இல்லை என்பது இப்போது உண்மையன்று. 2018-இல் பன்னிரண்டு வயதுக்குட்பட்ட பெண் குழந்தையைப் பலாத்காரம் செய்தவனுக்கு மரண தண்டனை வரை விதிக்கச் சட்டம் திருத்தப்பட்டது. 2019-இல் போக்சோ சட்டமும் திருத்தப்பட்டு, மிகக் கொடிய வகைக் குற்றத்துக்குக் குறைந்தது இருபது ஆண்டு, கூடினால் சாகும்வரை சிறை அல்லது மரணம் என்றாயிற்று. 2015-இல் சென்னை உயர்நீதிமன்ற நீதிபதி என். கிருபாகரன், குழந்தைகளைக் கெடுப்போருக்கு ஆண்மை நீக்கம் செய்வதைப் பரிசீலிக்குமாறு மத்திய அரசுக்குச் சொன்னதும் பலருக்கு நினைவிருக்கும். அதற்கு முன்பே, 2013 ஜனவரியில் அறிக்கை தந்த நீதிபதி வர்மா குழு ஆண்மை நீக்கத்தையும், பலாத்காரத்துக்கு மரண தண்டனையையும் ஏற்கவில்லை. சீர்காழிச் சம்பவத்துக்கு ஒரு மாதம் முன்னர், 2025 ஜனவரியில், தமிழகச் சட்டப்பேரவையே பெண்களுக்கு எதிரான குற்றங்களுக்குத் தண்டனையைக் கூட்டும் மசோதாவை நிறைவேற்றியிருந்தது.

2017 பிப்ரவரியில் சென்னைப் புறநகரில் ஒரு சிறுமி கொல்லப்பட்ட வழக்கை நம் வாசகர்கள் மறந்திருக்க முடியாது. அடுத்த ஆண்டு செங்கல்பட்டு மகளிர் நீதிமன்றம் ஓர் இளைஞனுக்குத் தூக்குத் தண்டனை விதித்தது. அதே ஆண்டு உயர்நீதிமன்றம் உறுதி செய்தது. நீதி வென்றது என்று இனிப்பு கொடுத்தவர்களும் உண்டு. 2025 அக்டோபரில் உச்சநீதிமன்றம் அவனை விடுதலை செய்துவிட்டது. சந்தர்ப்ப சாட்சியங்களின் சங்கிலி சேரவில்லை, முக்கியமான கேமராப் பதிவு நீதிமன்றத்தின் முன் முறையாக வைக்கப்படவில்லை, குற்றஞ்சாட்டப்பட்டவனுக்குத் தகுந்த வக்கீல் உதவி கிடைக்கவில்லை என்பது தீர்ப்பின் சாரம். எட்டு ஆண்டுக்குப்பின் அந்தத் தாய் தகப்பனுக்குக் கிடைத்தது என்ன? குற்றவாளி இன்னார் என்ற உறுதிகூட அவர்களிடம் இல்லை. அவசரப்பட்டுக் கட்டிய கயிறு, குற்றவாளியையும் இறுக்காமல், பெற்றோரின் நெஞ்சையும் ஆற்றாமல் அறுந்து விழுந்தது.

ஹதீஸ் நூல்களில், அபூதாவூதிலும் திர்மிதீயிலும், ஒரு சம்பவம் வருகிறது. அதிகாலைத் தொழுகைக்கு இருட்டில் நடந்துபோன ஒரு பெண்ணை ஒருவன் பலாத்காரம் செய்துவிட்டு ஓடுகிறான். அவள் கூக்குரல் கேட்டு ஓடிவந்தவர்கள் அவ்வழியே வந்த ஒருவரைப் பிடித்துக்கொள்கிறார்கள். அவளும் அந்தப் பதற்றத்தில் இவர்தான் என்று விடுகிறாள். தண்டனை விதிக்கப்படும் வேளையில் உண்மையான குற்றவாளி எழுந்து, நான்தான் அவன் என்கிறான். அவனுக்கு என்ன தண்டனை நிறைவேறியது என்பதில் அறிவிப்புகள் வேறுபடுகின்றன. வேறுபடாத பகுதி நமக்குப் போதும். அந்தப் பெண்ணிடம் அண்ணலார் நான்கு சாட்சி கேட்கவில்லை. இருட்டில் ஏன் போனாய் என்றும் கேட்கவில்லை. அல்லாஹ் உன்னை மன்னித்துவிட்டான், போ என்று அனுப்பினார்கள். பிடிபட்ட நிரபராதிக்கு நல்வார்த்தை சொன்னார்கள். கூட்டம் பிடித்துக்கொண்டு வந்தவர் உதவிக்கு ஓடி வந்தவர் என்பதைத் தூக்குக் கயிறு கேட்கும் ஒவ்வொருவரும் நினைத்துப் பார்க்கவேண்டும். சந்தேகம் இருந்தால் ஹத்தைத் தவிர்த்துவிடுங்கள், தண்டிப்பதில் தவறுவதைவிட மன்னிப்பதில் தவறுவது மேல் என்ற கருத்து நம்மிடையே வேரூன்றியதும் காரணத்தோடுதான். (நான்கு சாட்சி என்பது விபசாரக் குற்றத்துக்குரிய நிபந்தனை. குழந்தையின் மேல் நடந்த வன்கொடுமைக்கு அதைப் போய்ப் பொருத்துகிறவர்கள் எந்த மத்ஹபில் படித்தார்களோ தெரியவில்லை. காஜியின் தஃஸீர் அதிகாரத்துக்குச் சந்தர்ப்ப சாட்சியமே போதும்.)

தூக்கைப் பற்றி நமக்குள்ள பெரிய கவலை வேறு. தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் ஆண்டறிக்கைகளைப் பார்த்தால், பத்தில் ஒன்பது வழக்குக்கும் மேலாகக் குற்றவாளி குழந்தைக்குத் தெரிந்தவனாகவே இருக்கிறான். மாமு, சச்சா, ஒன்றுவிட்ட அண்ணன், பக்கத்து வீட்டுக்காரர், பாடம் சொல்லித்தருகிறவர். அவன் தூக்கில் தொங்குவான் என்றால், அவனோடு ஒரே தட்டில் உண்ட குடும்பம் வாய் திறக்குமா? தகப்பனின் தம்பியைக் காட்டிக்கொடுக்கும்படி ஒரு தாயிடம் சொல்வதே கடினம். அவன் உயிரையே கொடு என்றால் அவள் குழந்தையின் வாயைத்தான் பொத்துவாள். கெடுத்தாலும் தூக்கு, கொன்றாலும் தூக்கு என்றால், கெடுத்தவனுக்கு ஒரே சாட்சியாகிய அந்தப் பிஞ்சை உயிரோடு விட என்ன காரணம் மிஞ்சும்? கடுமையான தண்டனை வேண்டும் என்பதில் நமக்குச் சந்தேகமில்லை. அது நிச்சயமாகக் கிடைப்பது, கடுமையைவிட முக்கியம்.

அந்த நிச்சயம் நீதிபதியின் பேனாவில் தொடங்குவதில்லை, நம் வீட்டுக்குள் தொடங்குகிறது. இங்கேதான் நம் சமுதாயம் சங்கடமான ஒரு பழக்கத்தைத் தீனின் பெயரால் போர்த்தி வைத்திருக்கிறது. ஒரு முஸ்லிமின் குறையை மறைப்பவரின் குறையை அல்லாஹ் மறைப்பான் என்ற நபிமொழியைச் சொல்லி, ஜமாஅத்தில் நாலு பேர் உட்கார்ந்து, ஏதோ தொகையைப் பேசி, செய்தவனை வெளிநாட்டுக்கோ வெளியூருக்கோ அனுப்பிவிட்டு, 'விஷயம் முடிந்தது' என்கிறார்கள். அவன் போன ஊரிலும் குழந்தைகள் இருக்கும் என்பதை யாரும் நினைப்பதில்லை. இமாம் நவவீ (ரஹ்) அவர்கள் முஸ்லிம் நூலின் விரிவுரையில் இதைத் தெளிவாக்கியிருக்கிறார்கள்: பிறருக்குத் தீங்கு செய்வதில் பேர்போகாத கண்ணியமானவரின் சறுக்கலுக்குத்தான் அந்த மறைப்பு; கெடுதி செய்வதை வழக்கமாக்கியவனை அதிகாரத்திடம் சொல்லிவிடுவதே தகும். மேலும் இது அடியாரின் ஹக்கு. உரியவர் மன்னிக்காத கடனை ஊர் நாட்டாண்மை தள்ளுபடி செய்ய முடியுமா? அந்தக் கடனுக்கு உரியவளோ, எதையும் மன்னிக்கும் வயது வராதவள். அந்நிஸா அத்தியாயத்தின் 135-ஆம் வசனம் பெற்றோருக்கும் நெருங்கிய உறவினருக்கும் பாதகமாகவேனும் நீதிக்குச் சாட்சியாக நிற்கும்படி கட்டளையிடுகிறது. குடும்ப மானம் என்ற எடைக்கல்லை அந்த வசனம் தராசிலிருந்து எடுத்து எறிந்துவிட்டது.

சட்டமும் இதைக் கடமையாக்கியிருக்கிறது. குற்றம் நடந்ததை அறிந்தும் போலீசுக்குச் சொல்லாதவருக்கு ஆறு மாதம் வரை சிறை; தம் பொறுப்பிலுள்ள ஊழியர் செய்ததை மறைக்கும் நிறுவனத் தலைவருக்கு ஓராண்டு வரை. பள்ளிக்கூடம் நடத்துகிறவருக்கும் மத்ரஸா நடத்துகிறவருக்கும் இதில் வேறுபாடில்லை.

'பெண் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு ஸ்டேஷன் படி மிதிப்பதா?' என்று நம் தாய்மார்கள் அஞ்சுகிறார்கள். மிதிக்க வேண்டியதில்லை. குழந்தையின் வாக்குமூலத்தை அதன் வீட்டிலோ அது விரும்பும் இடத்திலோ, கூடியவரை ஒரு பெண் சப்-இன்ஸ்பெக்டர், காக்கி உடை அணியாமல் வந்து எழுதிக்கொள்ளவேண்டும். தாயோ தகப்பனோ, குழந்தை நம்பும் வேறொருவரோ கூட இருக்கலாம். இரவில் எந்தக் காரணத்துக்காகவும் குழந்தையைக் காவல் நிலையத்தில் வைக்கலாகாது. நீதிமன்றத்தில் மூடிய அறையில் விசாரணை. சாட்சி சொல்லும்போது குற்றஞ்சாட்டப்பட்டவன் குழந்தையின் கண்ணில் படக் கூடாது. தண்டனையோடு சேர்த்து, குழந்தையின் வைத்தியத்துக்கும் மறுவாழ்வுக்கும் ஈட்டுத்தொகை தரவும் நீதிமன்றம் உத்தரவிடலாம். இதைப் பலர் கேட்டு வாங்குவதே இல்லை. யாரிடம் போவது என்று தெரியாதவர்கள் 1098 என்ற எண்ணுக்குத் தொலைபேசியில் சொன்னால் போதும். இரவு பகல் எந்நேரமும் எடுப்பார்கள், காசும் கிடையாது.